முன்கூட்டியாரின் பெட்டி

வெள்ளிக்கிழமை மேட்ச் என்றால் செவ்வாய்க்கிழமையே ஸ்டேடியம் வாசலில் கூட்டம் கூடிவிடும். டிக்கெட்டுக்கு என்று நினைத்தால் ஏமாந்தீர்கள். டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்து ஈ ஓட்டுகிற குமாஸ்தா நான்தான். கூட்டம் வந்தது ஒரு மரப்பெட்டியைப் பார்க்க!

எங்கள் ஊர்க் கால்பந்து அணி பதினோரு வருஷம் கீழ் டிவிஷனில் உருண்டு புரண்டு, ஒருவழியாகத் தேசிய லீக்கின் முதல் டிவிஷனுக்கு ஏறியிருந்தது. ஊரே தலைகால் புரியாமல் ஆடியது. சலூன்காரர் அணியின் கலரில் கத்தரிக்கோலுக்குப் பெயின்ட் அடித்தார். பல் டாக்டர், மேட்ச் ஜெயித்தால் ஒரு பல் இலவசமாகப் பிடுங்குவதாக போர்டு வைத்தார். முதல் ஆறு மேட்சில் ஐந்து தோல்வி, ஒரு டிரா. டாக்டருக்கு வேலை மிச்சம்.

ஏழாவது வாரம் வந்து சேர்ந்தார் மகான். முன்கூட்டியே எல்லாம் தெரிந்தவராம். அதனால் பெயர் முன்கூட்டியார். வெள்ளை ஜிப்பா, வெள்ளைத் தாடி, வெள்ளை செருப்பு. அவர் சிரித்தால் பல் மட்டும்தான் மஞ்சள்.

அவருடைய அற்புதம் இதுதான். மேட்சுக்கு மூன்று நாள் முன்னால், எல்லார் கண்ணெதிரிலும் ஒரு காகிதத்தில் ஏதோ எழுதுவார். என்ன எழுதினார் என்று யாருக்கும் காட்டமாட்டார். நாலாக மடித்துப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டுவார். பூட்டு பெட்டியின் பக்கவாட்டிலேயே பதித்தது, சாவி ஓட்டை மட்டும் பெரிசு. பெட்டியை வாசல் கம்பத்தின் உச்சியில் மாட்டிவிடுவார். மேட்ச் நடக்கும்போது பக்கத்தில் ஒரு கூடாரத்தில் கண்ணை மூடித் தியானம். விசில் ஊதி, கால் மணி நேரம் கழித்து வெளியே வருவார். ஏணியில் ஏறி, கட்டைவிரல் தடிமனில் ஒரு சாவியைப் போட்டுத் திருப்புவார். கையை உள்ளே விட்டு, ஒரு காகிதச் சுருளை எடுத்து, கூட்டத்தில் யாரிடமாவது கொடுப்பார்.

“படிப்பா!”

“பூஜ்யம்... மூணு! ஐயோ, அப்படியே இருக்குய்யா!”

மூன்று கோல் வாங்கித் தோற்றதை மறந்துவிட்டு ஜனம் கை தட்டும். சொன்னபடியே தோற்றோமே, அது போதாதா!

“ஐயா, மேட்சுக்கு முந்தியே எங்ககிட்ட சொல்லக்கூடாதா?” என்று ஒருத்தர் கேட்டார்.

“முன்னாடி சொன்னா விதிக்குக் கோபம் வரும்.”

பின்னால் சொல்லுகிறவருக்கு முன்கூட்டியார் என்று பேர். இதை நாங்கள் யாரும் யோசிக்கவில்லை. யோசித்தால் விதிக்குக் கோபம் வந்துவிடுமே!

பெட்டி பலித்ததும் பரிகாரம் ஆரம்பமானது. காப்புக் காலுறை. ஒற்றையாகத்தான் விற்பார். இடது காலில் மட்டும் போட வேண்டும், சீசன் முடியும்வரை துவைக்கக் கூடாது. ஒரு ஜோடியைப் பிரித்து இரண்டு பேருக்கு விற்கிற வியாபார மூளையை நாங்கள் அருள் என்று நினைத்தோம். கேலரி நாறியது. அதைவிடப் பெரிய பரிகாரம் ஒன்று இருந்தது. எதிரணிக்குக் கார்னர் கிடைத்தால், நம் ஆட்கள் எல்லாரும் மைதானத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி நிற்க வேண்டும். பத்தாயிரம் பேர் ஒரே நேரத்தில் திரும்பி நின்றோம்! கார்னர் அடிக்க வந்த வெளியூர்க்காரன் மிரண்டுபோய்ப் பந்தைக் கேலரிக்குள் உதைத்துவிட்டான். “பார்த்தியா மகிமையை!” என்று கத்தினார்கள். ஒருத்தரும் பார்க்கவில்லை. முதுகுக்கு ஏது கண்? நானும் திரும்பி நின்றவன்தான். என் இடது காலுறையும் அப்போது விறைத்து, தனியாக நிற்கிற பக்குவத்தில் இருந்தது.

ஜெயித்தால் காலுறையின் மகிமை. தோற்றால் எவனோ துவைத்துவிட்டான். மகானுக்கு எந்தப் பக்கமும் நஷ்டமில்லை.

இந்தத் திருவிளையாட்டில் சேராதவர்கள் இரண்டு பேர். ஒருத்தி, ஸ்டேடியம் எதிரே பூட்டு ரிப்பேர் கடை வைத்திருக்கும் சாவி அக்கா. இன்னொருத்தன் அவள் தம்பி, எங்கள் கோல்கீப்பர். காலுறையை நீட்டியபோது அவன், “எனக்குக் கையுறை போதும் ஐயா” என்று சொல்லிவிட்டான். மகான் சிரித்தார். அந்தச் சிரிப்பு நல்லதுக்கில்லை.

சாவி அக்காவின் புருஷன் பஸ் டிரைவர். அவர் மகானின் பரம பக்தர். அவர் பஸ்ஸில் ஏறினால் காலுறை வாசனையில் அடுத்த ஸ்டாப்பிலேயே பாதிப்பேர் இறங்கிவிடுவார்கள். மதியச் சாப்பாட்டுக்கு அவர் கடைக்கு வந்தால் ரகளைதான்.

“என்னங்க, அவர் காகிதத்தை நாலா மடிச்சுத்தானே உள்ள போடறார்? வெளிய வரும்போது எப்படி பீடி மாதிரி சுருண்டு வருது?”

“உள்ள சக்தி இருக்குல்ல. சூட்டுல சுருண்டிருக்கும்.”

“அந்தப் பூட்டு, குழந்தைங்க உண்டியல்ல வைக்கிற பூட்டுங்க. ஊக்கு போதும். அதுக்கு எதுக்கு உலக்கை மாதிரி சாவி?”

“உனக்கு எதைப் பார்த்தாலும் பூட்டும் சாவியும்தான். பேசாம சோத்தைப் போடு.”

சீசன் கடைசிக்கு வந்தது. கடைசி இரண்டு இடத்தில் இருக்கிற அணிகள் மறுபடி கீழ் டிவிஷனுக்கு இறங்க வேண்டும். நாங்கள் அந்தக் குழியின் விளிம்பில் ஒரு காலைத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தோம். அணித் தலைவர், அதாவது முதலாளி, மகான் காலில் விழுந்தார்.

“தோஷம் யார்கிட்ட ஐயா இருக்கு?”

மகான் கண்ணை மூடினார். “பந்தைக் கையால தொடுறவன்கிட்ட.”

பதினோரு பேரில் பந்தைக் கையால் தொடுகிறவன் யார் என்று கண்டுபிடிக்க ஞானதிருஷ்டி தேவையில்லை. தம்பியைத் தூக்கி பெஞ்சில் உட்கார வைத்தார்கள். அடுத்த மேட்சில் நாலு கோல் வாங்கினோம். அதற்கும் அவன்தான் காரணமாம், பெஞ்சில் உட்கார்ந்து மூச்சு விட்டானாம்! மறுநாள் காலையில் சாவி அக்கா கடை ஷட்டரில் யாரோ தாரால் ‘தரித்திரம்’ என்று எழுதியிருந்தார்கள்.

அக்கா மண்ணெண்ணெய் தொட்டு அதைத் துடைத்துக்கொண்டிருந்தாள். தம்பி உள்ளே உட்கார்ந்து ஒரு சாவியை அரம் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தான். நான் என் வீட்டுச் சாவிக்கு நகல் எடுக்கப் போயிருந்தேன்.

“அக்கா, இந்த சீசனோட என் கான்ட்ராக்ட் முடியுது. தலைவர் புதுசா போடமாட்டாராம். நான் இங்கயே உன்கூட உட்கார்ந்துடறேன்.”

அவன் தேய்த்த சாவியை அக்கா வாங்கிப் பார்த்தாள். “டேய், இதால வெண்ணெயைக்கூட வெட்ட முடியாது. உனக்கு இந்த வேலை வராது. போய்ப் பந்தைப் பிடி.”

சொல்லும்போது சிரித்தாள். ஆனால் எழுத்து போன இடத்தையே மறுபடி மறுபடி துடைத்துக்கொண்டிருந்தாள். என் இடது காலில் இருந்த காலுறை அன்றைக்குத்தான் முதல்முறையாக எனக்கே நாறியது.

கடைசிக்கு முந்தைய மேட்ச். ஒன்றுக்கு ஒன்று, டிரா. வாசலில் கூட்டம் நெரிந்தது. மகான் கூடாரத்திலிருந்து சாவியோடு வந்தார். ஏணியில் ஒரு கால் வைத்தார்.

“ஐயா, கொஞ்சம் நில்லுங்க.” சாவி அக்கா. “முட்டி வலியோட நீங்க எதுக்கு ஏறணும்? நான் திறந்து எடுத்துத் தரேன்.”

“இந்தச் சாவியை வேற யார் தொட்டாலும் கை வெந்துடும்!”

“உங்க சாவியே வேண்டாங்க. என்கிட்ட கம்பி இருக்கு.”

“பெட்டியைத் தொட்டா கண்ணு அவிஞ்சுடும்!”

“என் கண்ணுதானே, போகட்டும்.” அவள் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள். “நான் ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். காகிதம் மூணு நாளா உள்ளதானே இருக்கு? அப்ப யார் திறந்தா என்ன?”

கூட்டம் வாயைப் பிளந்தது. இத்தனை மேட்சாக யாருக்கும் தோன்றாத கேள்வி! “ஆமால்ல?” என்றது ஒரு குரல். “அக்கா சொல்றதும் சரிதானே?” என்றது இன்னொன்று. மகானின் நெற்றியில் வேர்வை.

அப்போது டிரைவர் முன்னால் வந்தார். பெண்டாட்டியை இழுத்துக்கொண்டு போகத்தான் வருகிறார் என்று நினைத்தேன். மனுஷன் ஏணியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

“ஏறு! நீயே உன் கண்ணால பாரு. அப்பவாவது நம்புவியான்னு பார்க்கலாம்!”

உண்மையான பக்தன் என்றால் அவர்தான். மகானுக்கே இல்லாத நம்பிக்கை அவருக்கு இருந்தது.

அக்கா ஏறினாள். கம்பியை விட்டாள். நாலு எண்ணுவதற்குள் ‘டொக்’. கண் அவியவில்லை. உள்ளே கைவிட்டு, நாலாக மடித்த காகிதத்தை எடுத்துக் கீழே புருஷனிடம் நீட்டினாள்.

“நீங்களே படிங்க.”

டிரைவர் பிரித்தார். திருப்பினார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மறுபடி திருப்பினார்.

“என்ன போட்டிருக்கு?” என்று பின்னாலிருந்து கத்தினார்கள்.

“ஒண்ணுமே... ஒண்ணுமே போடலையே!”

“கண்டவ கை பட்டதும் எழுத்து மறைஞ்சு போச்சு!” என்று அலறினார் மகான்.

நம்ப மாட்டீர்கள், கூட்டத்தில் பாதி தலையாட்டியது! ஏமாறுவதற்கும் ஒரு பழக்கம் வேண்டும். எங்களுக்கு ஒரு சீசன் முழுக்கப் பயிற்சி.

அக்கா ஏணியிலிருந்தே நிதானமாகச் சொன்னாள். “சரிங்க. பெட்டியில எழுத்து மறைஞ்சுடுச்சு. அந்தச் சாவியைக் குடுங்க. குழாய் மாதிரி உள்ள ஓட்டையா இருக்கே, அதை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துடலாம்.”

மகான் ஓடினார்! வெள்ளை செருப்பு ஒரு பக்கம், ஜிப்பா ஒரு பக்கம். ஓடியவர் வெளியே போகாமல், பதற்றத்தில் என் கவுண்டர் பக்கத்துச் சுழல் கதவில் போய் மாட்டிக்கொண்டார். டிக்கெட் இல்லாமல் அது திரும்பாது. விதி! அவர் ஒரு பக்கம் தள்ள, டிரைவர் மறுபக்கம் பிடிக்க, தாடி பாதி கழன்று கம்பியில் தொங்கியது. டிரைவர் சாவியைப் பிடுங்கினார். கை வேகவில்லை. உள்ளங்கையில் ஒரு தட்டு.

பீடி மாதிரி ஒரு காகிதச் சுருள் விழுந்தது. பிரித்தார். ‘1 – 1’.

உள்ளங்கையில் நீலமாக ஈஷியிருந்தது. மை இன்னும் காயவில்லை!

கூடாரத்துக்குள் போய்ப் பார்த்தால் தியானப் பலகைக்கு அடியில் ஒரு டிரான்சிஸ்டர். மேட்ச் வர்ணனை முடிந்து, விளம்பரம் பாடிக்கொண்டிருந்தது. மூன்று நாள் முன்னால் எழுதியது வெறும் பாவனை. விசில் ஊதியதும்தான் நிஜமாக எழுதுவார், சுருட்டிச் சாவிக்குள் செருகுவார். பூட்டில் விட்டுச் சாய்த்தால் சுருள் பெட்டிக்குள் விழும். அதையே கையால் எடுத்து நீட்டுவார். இவ்வளவுதான் அற்புதம்!

கூட்டமே காலுறையைக் கழற்றி வீசியது. வானத்தில் காலுறை மழை. தலைவர், “எனக்கு அப்பவே ஒரு சந்தேகம்” என்று ஆரம்பித்தார். அவர் காலில் இரண்டு காப்புக் காலுறை இருந்ததை எல்லாரும் பார்த்தார்கள். டிரைவர் மட்டும் கதவருகே உட்கார்ந்துவிட்டார். அக்கா இறங்கி வந்து பக்கத்தில் நின்றாள்.

“சிரிக்க மாட்டியா?” என்றார் அவர்.

“முதல்ல அதைக் கழட்டுங்க. அப்புறம் சிரிக்கிறேன். இப்ப மூச்சு விட முடியல.”

மகானைப் போலீஸ் கூட்டிப்போனது. அடுத்த வாரம் தம்பி மறுபடி கோல் கம்பத்துக்கு நடுவில் நின்றான். ஒரு டிராவாவது எடுத்தால்தான் முதல் டிவிஷனில் இருப்போம். ஒரு கோலை விட்டான், மனுஷன்தானே. ஐந்தைத் தடுத்தான். கடைசி நிமிஷத்தில் விரல் நுனியால் ஒன்றைத் தள்ளிவிட்டுக் கம்பத்தில் மோதி விழுந்தான், எழுந்தான், மூக்கில் ரத்தத்தோடு சிரித்தான். எங்கள் ஆளும் ஒரு கோல் போட்டிருந்தான். டிரா! தப்பித்தோம். முன்பின் தெரியாதவர்கள் கட்டிப் பிடித்தார்கள். பல் டாக்டர் என்னை முத்தமிட்டார். தலைவர் கான்ட்ராக்டை மைதானத்துக்கே கொண்டுவந்தார். தம்பி அதை வாங்கி, “அக்கா படிச்சுப் பார்க்கட்டும். அப்புறம் கையெழுத்துப் போடறேன்” என்றான்.

இதோடு கதை முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். மறுநாள் காலையில் பார்க்கிறேன், சாவி அக்கா கடை வாசலில் நீளமாக வரிசை! பூட்டு ரிப்பேர் என்று நினைத்தால் ஒருத்தர் கையிலும் பூட்டு இல்லை. கையைக் கட்டிக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, பயபக்தியோடு நிற்கிறார்கள். முதல் ஆள் குனிந்து கேட்டார்.

“அக்கா, உங்களுக்கு ஏதோ சக்தி இருக்கு. அந்தக் கம்பியை என் நெத்தியில ஒரு தடவை வைங்க. அடுத்த சீசன்ல நாம எத்தனாவது இடம்னு சொல்லுங்க.”

அக்கா அரத்தைக் கீழே வைத்தாள். வரிசையை முதலிலிருந்து கடைசிவரை ஒரு பார்வை பார்த்தாள்.

“எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. தெரியாததாலதான் கேட்டேன். உங்களுக்கும் வாய் இருக்கு, அதைப் பிளக்கறதுக்கு மட்டும் வெச்சுக்காம, கேள்வி கேக்கவும் பழகுங்க. இப்ப எல்லாரும் செருப்பைப் போட்டுக்கிட்டு வீட்டுக்குப் போங்க!”