பாலம் இல்லாத இடத்தில் நேராகச் செல்லவும்

அன்பும் பொறுமையும் நிறைந்த மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுவது. நானும் உங்கள் அத்தையும் இங்கு நலம். அவளுக்குக் கழுத்தும் எனக்கு வலது காதும் மட்டும் கொஞ்சம் சரியில்லை. நீங்களும் என் மகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்பி மேலே எழுதுகிறேன்.

இதைப் புகார் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். முப்பத்தொரு வருடம் லிஃப்ட் பழுது பார்த்தவன், ஒரு கருவி எப்படி நடந்துகொண்டது என்று அதைக் கொடுத்தவருக்குத் தெரிவிப்பது கடமை. நீங்கள் உங்கள் பழைய போனில் வரைபடத்தை இறக்கி, என் பைக்கின் ஹேண்டில்பாரில் மாட்டிவிட்டு, "சிம்மே வேணாம் மாமா, சாட்டிலைட் பாத்துக்கும், நீங்க ஓட்டினா போதும்" என்றீர்கள். நான் ஓட்டினேன். அந்த அளவில் என் பக்கம் குறையில்லை.

என் தங்கை வெளிநாட்டில் மகனோடு போய்த் தங்கப் போகிறாள், வியாழக்கிழமை மூன்று மணிக்கு வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்புகிறாள் என்று என் மகள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். என்னிடம் அவள் பேசி ஐந்து வருடம் ஆகிறது. அம்மா போன பிறகு, அம்மாவின் தையல் மெஷினை அவளைக் கேட்காமல் நான் யாருக்கோ தூக்கிக் கொடுத்துவிட்டேன். போன் செய்தால் எடுக்க மாட்டாள். நேரில் போய் நின்றால் கதவைச் சாத்தவாவது திறக்க வேண்டுமே என்று உங்கள் அத்தை சொன்னாள். நூற்று நாற்பது கிலோமீட்டர். காலை எட்டரைக்குப் புறப்பட்டோம்.

வழி சொல்லும் குரல் தனக்கும் கேட்க வேண்டும் என்று உங்கள் அத்தை பிடிவாதம் பிடித்ததால், இயர்போனின் ஒரு முனையை என் ஹெல்மெட்டுக்குள்ளும் மறு முனையை அவள் ஹெல்மெட்டுக்குள்ளும் செருகியிருந்தோம். நான் வலப்பக்கம் திரும்பிப் பார்த்தால் அவள் தலையும் வலப்பக்கம் வந்தது. அந்தப் பெண் "இருநூறு மீட்டரில் இடதுபுறம் திரும்பவும்" என்று சொல்லும்போதெல்லாம் உங்கள் அத்தை "சரிம்மா" என்றாள். திருமணமாகி இத்தனை வருடத்தில் நான் ஒரு தடவைகூட வாங்காத பதில் அது. பெட்ரோல் பங்கில் ஒயரை மறந்து நான் இறங்கிவிட்டேன். கழுத்தும் காதும் போனது அங்கேதான்.

பதினொரு மணி வெயிலில் போன் தனக்குச் சூடு தாங்கவில்லை என்று எழுதிக் காட்டிவிட்டு அணைந்துபோனது. ஒரு பஞ்சர் கடை ஓரமாக நிறுத்தி, அதை ஈரத் துண்டில் சுற்றி நிழலில் வைத்தோம். கடைக்காரர் தயவாக, "எங்க போகணும் சார்?" என்று கேட்டார்.

"அட்ரஸ் போன்ல இருக்கு."

"போன் எங்க?"

"ஆறிக்கிட்டிருக்கு."

அவர் தன் பஞ்சர் வேலைக்குத் திரும்பிவிட்டார். முக்கால் மணி நேரம் கழித்து அது கண் திறந்தது. நாங்கள் கிளம்பிப் பத்து நிமிடத்தில் மழை. பேருந்து நிழற்குடையில் ஒதுங்கி நான் மழைக்கோட்டுக்குள் கை நுழைக்க வழி தேடிக்கொண்டிருந்த நேரத்தில், கண்ணாடியில் விழுந்த துளிகளை விரல் என்று நினைத்துக்கொண்டு போன் தானாகவே வேறு பாதையைத் தேர்ந்தெடுத்துவிட்டது. மாப்பிள்ளை, இந்த அறிக்கையின் மையப் பகுதி இதுதான். லிஃப்டில் தண்ணீர் விழுந்தால் லிஃப்ட் நிற்கும்; தானாக ஐந்தாவது மாடிக்குப் போகாது.

மதியம் ஒன்றே முக்காலுக்குத்தான் மழை விட்டது. பிறகு நெடுஞ்சாலையை விட்டு விலகி, சிமென்ட் குழாய்கள் அடுக்கிய கிடங்கைத் தாண்டி, யாரோ ஒருவர் வீட்டுக் கொடிக்கயிற்றின் கீழே குனிந்து போய், கடைசியில் ஒரு ஆற்றங்கரையில் நின்றோம். வரைபடத்தில் பாலம் இருந்தது. ஆற்றில் இரண்டு தூண்கள்தான் இருந்தன. "நேராகச் செல்லவும்" என்றது குரல்.

"நீ முதல்ல போ, பாக்கலாம்" என்றாள் உங்கள் அத்தை. அன்று முதல் தடவையாக அவள் "சரிம்மா" சொல்லவில்லை.

அப்போது அக்கரையிலும் ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. டிரைவர் இறங்கி, தன் போனையும் ஆற்றையும் மாறி மாறிப் பார்த்தார். பின்னால் குடையோடு ஒரு பெண் இறங்கினாள். உங்கள் அத்தை கண்ணைச் சுருக்கி, "அது உங்க தங்கச்சி மாதிரி இல்ல?" என்றாள்.

நான் ஹாரனை இரண்டு தடவை அடித்தேன். பிறகு கத்தினேன்.

"யாரது?" என்றாள்.

"நான்தான், அண்ணன்!"

"எந்த அண்ணன்?"

அவளுக்கு இருப்பது நான் ஒருவன்தான். "மெஷின் விஷயத்துல தப்பு என்னுது!" என்றேன். அவள் காதுக்குப் பின்னால் கையை வைத்தாள். மறுபடியும் கத்தினேன். டிரைவர் அவளிடம், "அம்மா, தப்பு அவருதுன்னு சொல்றாரு" என்று எடுத்துச் சொன்னார். காற்று அந்தப் பக்கத்திலிருந்து அடித்ததால் அவள் அவருக்குச் சொன்ன பதில் எங்களுக்குத் தெளிவாகக் கேட்டது: "முதல் தடவையே கேட்டுச்சு தம்பி. இன்னும் ஒரு தடவை சொல்லட்டும்."

சொன்னேன். பிறகு அவள் குடையை மடக்கிவிட்டு, "அண்ணி, சாப்பிட்டீங்களா?" என்று கத்தினாள். இல்லை என்றோம். "இந்த வயசுல பைக்குல எதுக்கு வர்றீங்க?" என்று திட்டினாள். ஐந்து வருடத்துத் திட்டையும் எட்டு நிமிடத்தில் திட்டி முடிக்க வேண்டிய அவசரம் அவளுக்கு. டிரைவர் ஹாரன் அடித்தார். காரில் ஏறப் போனவள் திரும்பி வந்து கையை ஆட்டினாள். கார் மறையும்வரை நாங்கள் நின்றோம். ஹெல்மெட் கண்ணாடிக்கு உள்பக்கம் நனைந்திருந்தது. மழை விட்டு வெகு நேரமாகியிருந்தது.

விமானத்தை அவள் பிடித்துவிட்டாள். போய் இறங்கியதும் வீட்டு எண்ணுக்கு அழைத்துப் பேசினாள். டிரைவர் அவசரப்படுத்தியதால் ஒரு மணி நேரம் முன்னதாகவே கிளம்பிவிட்டாளாம். நாங்கள் நெடுஞ்சாலையிலேயே போயிருந்தால் பூட்டைத்தான் பார்த்திருப்போம். இருந்தாலும், தவறான மாடியில் நிற்கும் லிஃப்ட், அங்கே வேண்டியவர் காத்திருந்தார் என்பதற்காகச் சரியான லிஃப்ட் ஆகிவிடாது. ஆகவே மழைத்துளிக் குறைபாட்டைச் சரிபார்த்துக்கொள்ளும்படி போனை இத்துடன் பார்சலில் திருப்பி அனுப்புகிறேன். வேறு வருத்தம் ஏதும் இல்லை.

நீங்களும் மகளும் எந்தக் குறையும் இன்றி, போகும் இடமெல்லாம் போய்ச் சேர்ந்து, பல்லாண்டு வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் மாமா

பி.கு.: ஒட்டுவதற்கு முன் கடிதத்தை உங்கள் அத்தைக்குப் படித்துக் காட்டினேன். மழைத்துளி வந்த இடத்தில் சிரிக்க ஆரம்பித்தவள் நிறுத்தவே இல்லை. "மழையாவது ஒண்ணாவது! நீங்க கோட்டுக்குள்ள தலைய விட்டுத் தேடிக்கிட்டிருந்தப்ப நான்தான் அமுக்கினேன். குறுக்கு வழின்னு ஒண்ணு காட்டுச்சு. எனக்கு முதுகு விட்டுப்போச்சு." எனவே மேற்கண்ட அறிக்கை முழுவதையும் திரும்பப் பெறுகிறேன். பார்சலைப் பிரித்தால் உள்ளே போன் இருக்காது; இயர்போன் மட்டும்தான் இருக்கும். போன் உங்கள் அத்தையின் கையில் இருக்கிறது. அடுத்த வாரம் எங்கே போகலாம் என்று அதில் பார்த்துக்கொண்டிருக்கிறாள். என்னிடம் இன்னும் கேட்கவில்லை.