புலிக்கு வந்த பல்வலி

அலுவலகத்தின் பொதுக் காலண்டரில் தன்னுடைய ரகசிய இன்டர்வியூ சட்டமாக ஏறி உட்கார்ந்திருப்பதைப் புலி பார்த்தது கழிப்பறையில், கைப்பேசியில்.

"வியாழன். நேர்முகத் தேர்வு. சீனியர் அக்கவுண்ட்ஸ்." கீழே அடுத்த தெருப் போட்டிக் கம்பெனியின் முகவரி, மாடி உட்பட.

புலி என்பது அலுவலகம் வைத்த பெயர். பிரிண்டரில் சிக்கிய காகிதத்தை ஒருநாள் கிழியாமல் உருவி எடுத்துவிட்டார். அன்றிலிருந்து அவர் கம்ப்யூட்டர் புலி. அதை அவரும் நம்பிவிட்டதுதான் கோளாறு.

போன வாரம்தான் அலுவலகம் ஒரு புது மென்பொருளுக்குச் சந்தா கட்டியிருந்தது. மெயிலும் காலண்டரும் ஒரே கணக்கில் வரும். அலுவலகக் கம்ப்யூட்டர், கைப்பேசி, வீட்டு டேப்லெட் எதில் தட்டினாலும் எல்லாவற்றிலும் தெரியும். ஊழியர்கள் எந்நேரமும் எங்கே இருக்கிறார்கள் என்று பார்க்க மேலாளருக்கு அவ்வளவு ஆசை. சொந்தக் கைப்பேசியை அதில் இணைத்தால் அதிலுள்ள சொந்தக் குறிப்புகளும் எல்லாருக்கும் தெரியும் என்று வந்த எச்சரிக்கையை மற்றவர்கள் படித்தார்கள், பயந்தார்கள், விட்டுவிட்டார்கள். புலி படிக்கவில்லை. படிப்பது பூனைகளின் வேலை. "சரி", "சரி", "சரி" என்று தட்டிக்கொண்டே போனார்.

போட்டிக் கம்பெனியில் அந்த வேலை கிடைக்காவிட்டால் அவருக்கு விமோசனமே கிடையாது. மேலாளர் அப்பேர்ப்பட்டவர். மீட்டிங்கை எப்போது வைக்கலாம் என்று பேச ஒரு மீட்டிங் வைப்பார். மகள் முதன்முதலில் "அப்பா" என்று சொன்னதைப் புலி போனில்தான் கேட்டார். அதையும் முழுதாகக் கேட்கவில்லை, நடுவில் மேலாளரின் அழைப்பு வந்துவிட்டது. அன்றைக்கு அவருக்கு அழுகையே வந்தது. அந்த மனுஷனிடமிருந்து தப்பித்தால் போதும், சம்பளம் குறைந்தாலும் சரி என்று மனைவியிடம் சொல்லியிருந்தார்.

நல்லவேளையாக மேலாளர் இன்னும் பார்த்த மாதிரி தெரியவில்லை. புலி நின்ற இடத்திலேயே தலைப்பை மட்டும் மாற்றினார். "பல் டாக்டர்."

வெளியே எல்லா மேசைகளிலும் ஒரே சமயத்தில் மணி அடித்தது. "'நேர்முகத் தேர்வு' என்பது 'பல் டாக்டர்' என்று மாற்றப்பட்டுள்ளது." அதுவரை பார்க்காதவர்களும் பார்த்துவிட்டார்கள்.

புலி ஓடிவந்து தன் கம்ப்யூட்டரில் அதை அழித்தார். கைப்பேசி அதைத் திரும்பக் கொண்டுவந்தது. கைப்பேசியில் அழித்தார். வீட்டிலிருக்கும் டேப்லெட் இரண்டாகக் கொண்டுவந்தது. மனைவி போன் செய்தாள்.

"என்னங்க, உங்களுக்குப் பல்லு வலியா? டேப்லெட் கத்திக்கிட்டே இருக்கு."

"வலியெல்லாம் இல்லை. நீ அதை அழிச்சிடு."

"அழிச்சேனே. இப்ப மூணு டாக்டர் ஆயிட்டாங்க."

"சரி, தொடாதே!"

"நான் தொடலைங்க. நீங்க தொடத் தொடத்தான் அது குட்டி போடுது."

கடைசியில் மென்பொருள்காரர்களின் உதவி எண்ணுக்கே போன் போட்டார். நெடுநேரம் பாட்டுக் கேட்க வைத்துவிட்டு ஒரு பெண் பேசினாள்.

"அழிச்சா திரும்ப வருதும்மா."

"ஆமா சார், எதுவும் தொலையாம நாங்க காப்பாத்திடுவோம். அதுதான் எங்க ஸ்பெஷாலிட்டி."

"காப்பாத்த வேண்டாம்மா, கொன்னுடுங்க!"

"அப்படீன்னா கணக்கை எடுத்துட்டு மறுபடியும் சேருங்க சார். நடுவுல ஒரு கேள்வி வரும், படிச்சுப் பார்த்துட்டு பதில் கொடுங்க."

கேள்வி வந்தது. "இந்த நிகழ்ச்சிக்கு அலுவலகத்தில் உள்ள அனைவரையும் அழைக்கலாமா?" புலியின் விரல் வழக்கம்போல முந்திக்கொண்டது. சரி.

முதலில் வந்தது காசாளர் அக்கா.

"ஏம்ப்பா, உன் பல்லைப் பாக்க என்னை எதுக்குக் கூப்பிட்டிருக்கே?"

"தப்பா வந்துடுச்சுக்கா."

"வர முடியாதுன்னு அனுப்பிட்டேன். கோவிச்சுக்காதே."

புலி தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தபோது திரையில் இன்னொரு வரி எழும்பியது. "மேலாளர் உங்கள் அழைப்பை ஏற்றுக்கொண்டார்."

அடுத்த நிமிடம் கூப்பிட்டனுப்பினார்.

"உக்காருங்க புலி. அந்த டாக்டர்... நல்ல இடமா?"

"கேள்விப்பட்டேன் சார்."

"கவனிப்பெல்லாம் எப்படி? மரியாதையா நடத்துவாங்களா?"

"தெரியலை சார். நானே இப்பதான் முதல் தடவையா..."

"எனக்கும் இங்க ரொம்ப நாளாவே வலி." மேலாளர் தாடையைத் தடவிக்கொண்டார். "வியாழக்கிழமை வரைக்கும் எதுக்குக் காத்துக்கிட்டு? முன்னாடியே போனா பாக்க மாட்டாங்களா?"

குத்திக் காட்டுகிறார், வேறென்ன. சீட்டைக் கிழிப்பதற்கு முன் கொஞ்சம் விளையாடிப் பார்க்கிறார். புலி அசட்டுச் சிரிப்புச் சிரித்துவிட்டு வெளியே வந்தார். இரவெல்லாம் புரண்டு படுத்தார்.

ஆனால் மறுநாள் எதுவும் நடக்கவில்லை. மேலாளர் லீவு. அதற்கடுத்த நாள் வந்தவர் யாரையும் திட்டவில்லை, மீட்டிங்கும் வைக்கவில்லை. ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டு விசிலடித்தார். அலுவலகமே பயந்து கிடந்தது.

வியாழக்கிழமை அவருடைய அறை பூட்டியிருந்தது. புலிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. தாடையில் கையை வைத்துக்கொண்டு, காசாளர் அக்காவிடம் மட்டும் சொல்லிக்கொண்டு, தெருத் திரும்பியதும் கையை எடுத்துவிட்டு ஓட்டமும் நடையுமாகப் போட்டிக் கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்தார்.

அந்த அலுவலகம் குளுகுளுவென்றிருந்தது. யாரும் கத்தவில்லை. இனி மகளுக்குச் சாயங்காலம் கதை சொல்லலாம் என்று புலி நினைத்துக்கொண்டார். வரவேற்பில் இருந்த பெண்ணிடம் தன் அலுவலகப் பெயரைச் சொன்னார்.

அவள் முகம் மலர்ந்தது. "ஓ, அந்த அழைப்பை அனுப்பினவர் நீங்கதானா? அதைப் பாத்துட்டு உங்க மேனேஜர் மறுநாளே வந்து எங்க முதலாளிகிட்ட பேசி இங்க மேனேஜராவே சேர்ந்துட்டார் சார், இன்னிக்கு அவருக்குக் கீழ வேலை செய்யத்தான் ஆள் எடுக்கறோம், உள்ள போங்க, உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டிருக்கார்!"