வாடகைக்கு ஒரு வரிசை

“பத்தரைக்குள்ள எனக்கு ஒரு கூட்டம் வேணும் காளை. சத்தம் போடாத, மரியாதையான கூட்டமா இருக்கணும்.”

டீக்கடைக் காளை வடைச்சட்டியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “கட்சிக் கூட்டமா, கல்யாணக் கூட்டமா சார்? ரெண்டுக்கும் ரேட்டு வேற.”

“பேங்குக் கூட்டம்.”

காளை கரண்டியைக் கீழே வைத்தார். ஒத்தக்கடையில் இத்தனை வருஷமாக டீ ஆற்றுகிறார். இப்படி ஒரு கூட்டம் கேட்டு யாரும் வந்ததில்லை.

கேட்டு வந்தவர் முத்துக்குமரன். டீக்கடைக்கு எதிரே, மேலூர் ரோட்டைப் பார்த்தாற்போல் இருக்கும் செங்கதிர் மக்கள் கூட்டுறவு வங்கிக் கிளையின் மேனேஜர். கணக்கில் ஒரு குறை சொல்ல முடியாத கிளை. வாராக் கடன் என்று ஒன்றுகூட இல்லை. இல்லாத இன்னொன்று கூட்டம். அக்கம்பக்கத்துச் சனம் பணத்தைப் போட்டுவிட்டு, அது பத்திரமாக இருக்கிறதென்ற நிம்மதியில் வயலைப் பார்க்கப் போய்விடும். மாதக்கணக்கில் எட்டிப் பார்க்காது.

வங்கிச் சீர்திருத்தம் என்று மேலிடம் கிளம்பியபோது அந்த நிம்மதிதான் வினையாக வந்தது. ஆள் நடமாட்டம் இல்லாத கிளைகளையெல்லாம் பெரிய கிளைகளோடு இணைக்கப் போகிறார்களாம். பட்டியலில் ஒத்தக்கடையும் இருந்தது. இந்த நிலைமையில்தான் நேற்றுச் சாயங்காலம் தலைமை அலுவலகத்திலிருந்து சத்யப்ரியா மேடம் போன் செய்தார்.

“சார், நாளைக்கு ஒரு வெளிநாட்டு மேடம் உங்க கிளையைப் பாக்க வர்றாங்க. பேரு லுத்மிலா. அவங்க நாட்டுல முன்னாடி கம்யூனிஸ்ட் ஆட்சி. எல்லா பேங்கும் கவர்மெண்டோடது. ஆட்சி போனதும் யார் வேணாலும் பேங்க் தொறக்கலாம்னு விட்டுட்டாங்க. பாதி பேங்க் விழுந்துபோச்சு. சனங்க இன்னைக்கும் பணத்தை மெத்தைக்கடியிலதான் வைக்கிறாங்களாம். இப்ப பேங்குகளைக் கண்காணிக்கிற துறைக்கு இவங்கதான் தலைவி. சின்ன பேங்கைச் சனங்க எப்படி நம்புறாங்கன்னு பாக்கணுமாம்.”

“பாக்கட்டும் மேடம்.”

“எதைப் பாப்பாங்க? காத்தாடியையும் காலண்டரையுமா? கூட்டம் இருந்து, அவங்க திருப்தியாப் போனா, இணைப்புப் பட்டியல்லருந்து உங்க பேரை நானே எடுத்துடறேன். ஈ ஓட்டிக்கிட்டு இருந்தீங்கன்னா அடுத்த மாசம் மேலூர்க் கிளையோட இணைப்புதான்.”

முத்துக்குமரனுக்கு அன்றிரவு சோறு இறங்கவில்லை. ஒரு ஷட்டர் அறையும் கடன் வாங்கிய மேசையுமாக அவர் கையால் தொடங்கிய கிளை அது. பெற்ற பிள்ளையைப்போல அதன் மேல் அவருக்குப் பாசம். விடிந்ததும் நேரே காளையிடம் வந்துவிட்டார்.

“ஆளுக்கு ரெண்டு வடை, ஒரு டீ. கையில பாஸ்புக் இருக்கணும். வரிசையா நிக்கணும். எதுக்கு நிக்கிறோம்னு யார்கிட்டயும் சொல்லக்கூடாது.”

“அம்புட்டுதானே சார்? நூறு நாள் வேலைக்குப் போற ஆளுகளைத் திருப்பிவிட்டாப் போச்சு.”

பத்து மணிக்கெல்லாம் வரிசை கண்ணுக்குக் குளிர்ச்சியாக நின்றது. முத்துக்குமரன் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்துப் பார்த்துப் பூரித்தார். அவர் பார்த்த வரிசையை, மேலூருக்குப் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவர்களும் பார்த்தார்கள்.

வினை ராக்கம்மாள் ரூபத்தில் வந்தது. மகள் கல்யாணத்துக்கென்று சேர்த்ததை இந்தக் கிளையில் போட்டு வைத்திருப்பவர். உர மூட்டை வாங்க வந்தவர் வரிசையைக் கண்டு நின்றார்.

“எதுக்குப்பா இம்புட்டுப் பேரு நிக்கிறீக?”

முன்னால் நின்ற ஆள் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “சொல்லக்கூடாதுன்னு மேனேசரு சொல்லியிருக்காரு.”

“ஏன்?”

“அதையும் சொல்லக்கூடாது.”

ராக்கம்மாளுக்கு அது போதும். உரத்தை மறந்தார். இடுப்பிலிருந்த செல்போனை எடுத்து மகளுக்குப் போட்டார். “ஏ பாண்டிச்செல்வி, பீரோவுல இருக்க பாஸ்புக்கை எடுத்துக்கிட்டு ஓடியா. பேங்குல என்னமோ ஆகிப்போச்சு!”

அந்தப் பேச்சு அக்கம்பக்கத்தில் எத்தனை காதில் விழுந்ததோ, கால் மணி நேரத்தில் வரிசை இரண்டு மடங்கானது. புதிதாக வந்தவர்கள் வடை கேட்கவில்லை. பணம் கேட்டார்கள்.

“சார்” என்று கேஷியர் பாண்டீஸ்வரி கவுண்டருக்குள்ளிருந்து கூப்பிட்டார். “எல்லாரும் எடுக்கத்தான் வர்றாங்க. போட ஒருத்தருமில்ல.”

முத்துக்குமரன் மேசையை விட்டு எழுந்தார். நேரில் பேசிப் புரியவைத்தால் சரியாகிவிடும் என்று நினைத்து வாசலுக்குப் போனார். படித்த மனுஷன் பதற்றத்தில் செய்கிற காரியம் எதுவோ அதைச் செய்தார். விதிமுறையை விளக்கினார்.

“யாரும் பயப்பட வேண்டாம்! உங்க பணம் பத்திரமா இருக்கு! பேங்கையே மூடினாலும் அஞ்சு லட்சம் வரைக்கும் இன்சூரன்ஸ் உண்டு!”

சனங்களுக்கு இன்சூரன்ஸ் ஏறவில்லை. பேங்கையே மூடினாலும் என்பது மட்டும் ஏறியது.

“கேட்டியாடீ? அவரு வாயாலயே சொல்லிட்டாரு!” என்று, பாஸ்புக்கோடு ஓடிவந்திருந்த மகளிடம் சொல்லி ராக்கம்மாள் தலையில் கை வைத்தார். வரிசை வரிசையாக இருப்பதை விட்டுவிட்டுக் கதவில் வந்து மோதியது.

வாடகை ஆட்களை முதலில் அப்புறப்படுத்துவோம், கூட்டம் பாதியாகக் குறையும் என்று மேனேஜர் கணக்குப் போட்டார். காளைக்குக் கண்ணைக் காட்டினார். அவர்களும் சமர்த்தாகக் கலைந்து டீக்கடைக்குப் போனார்கள்.

“அந்தா பாரு, முன்னால நின்னவங்கெல்லாம் வாங்கிட்டுப் போறாங்ஞ!” என்று பின்னாலிருந்து ஒரு குரல் கிளம்பியது. “உள்ளாளுக போல. நமக்குத்தான் நாமம்!”

பாண்டீஸ்வரி பணம் கொடுத்துக்கொண்டே பெட்டியைக் காட்டி உதட்டைப் பிதுக்கினார். முத்துக்குமரன் மேலூர்க் கிளைக்குப் போன் போட்டு, கூடுதல் பணம் அனுப்பச் சொல்லிக் கெஞ்சினார். அவர்கள் தயங்காமல் அனுப்பினார்கள். துப்பாக்கிக் காவலரோடு வண்டி வந்து நின்றது. இரும்புப் பெட்டி இறங்கியதைப் பார்த்தவர்கள் கொஞ்சம் பேர்தான். பணத்தை இறக்கிவிட்டு வெற்றுப் பெட்டியைத் திரும்ப ஏற்றியதை ஒத்தக்கடையே பார்த்தது.

“ஏத்திட்டாங்கய்யா! அம்புட்டையும் மேலூருக்கு ஏத்திட்டாங்க!”

அழகர்கோவிலுக்குக் கிளம்பிய ஒரு வேன் ஓரம் கட்டியது. கொட்டாம்பட்டிப் பக்கமிருந்து வந்த பஸ்ஸிலிருந்து பாஸ்புக்கும் கையுமாக ஒரு கும்பலே இறங்கியது. பத்தரைக்கு வர வேண்டிய வெள்ளைக் கார் ஒரு மணி நேரம் தாமதமாக, சரியாக அந்த பஸ்ஸுக்குப் பின்னால் வந்து நின்றது.

லுத்மிலா அம்மையார் இறங்கினார். நரைத்த முடி, பெரிய கைப்பை, நடப்பதற்கு வசதியான செருப்பு. கூடவே மொழிபெயர்க்கத் தவ்பீக். மதுரை டவுனில் பாத்திரக்கடை வைத்திருப்பவரின் மகன். அந்த நாட்டுக்கு டாக்டருக்குப் படிக்கப் போய், டாக்டராகாமல் பாஷையை மட்டும் கற்றுக்கொண்டு வந்தவன்.

அம்மையார் படியில் கால் வைக்குமுன் நின்று வரிசையை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை பார்த்தார். முத்துக்குமரன் மாலையோடு ஓடினார்.

“அண்ணே, இம்புட்டுப் பேரு எதுக்கு நிக்கிறாங்கன்னு கேக்குறாங்க” என்றான் தவ்பீக்.

“பணம் போடன்னு சொல்லுப்பா.”

தவ்பீக் சொன்னான். அம்மையார் தலையாட்டினார்.

“ஏன் சத்தம் போடுறாங்களாம்?”

“ஆர்வம்.”

“அந்தக்கா ஏன் அழுவுறாங்க?”

ராக்கம்மாள் முந்தானையைப் பிழிந்துகொண்டிருந்தார். முத்துக்குமரன் மாலையைக் கைமாற்றிக்கொண்டார். “ஆனந்தக் கண்ணீர்னு சொல்லு.”

“அண்ணே, அவங்க பாஷையில அதுக்கு என்ன சொல்வாங்கன்னு எனக்குத் தெரியாதே.”

“வேற எதையாவது சொல்லுடா தம்பி! என் பொழப்பே உன் வாயிலதான் இருக்கு.”

உள்ளே கூட்டிப்போய் அறைக்குள் உட்கார வைத்துவிட்டால் தப்பித்துக்கொள்ளலாம் என்று பார்த்தார். அம்மையார் உட்கார மறுத்துவிட்டார். கவுண்டருக்கு அருகே போய் நின்று பாண்டீஸ்வரி பணம் எண்ணுவதை வேடிக்கை பார்த்தார். பிறகு ஏதோ சொன்னார்.

“உங்க பத்து ரூபா, இருபது ரூபா நோட்டெல்லாம் ரொம்ப அழகா இருக்காம்” என்றான் தவ்பீக். “ஐநூறு வேணாம், எல்லாருக்கும் அதையே எண்ணிக் கொடுக்கச் சொல்லுங்க, பாக்க ஆசையா இருக்குன்னு சொல்றாங்க.”

விருந்தாளியின் விசித்திர ஆசை. ஆனாலும் மறுக்க முடியுமா? பாண்டீஸ்வரி சில்லறைக் கட்டுகளைப் பிரித்து எண்ணத் தொடங்கினார். ஒரு ஆளை அனுப்ப மூன்று ஆள் நேரம் பிடித்தது.

வெளியே தள்ளுமுள்ளு கூடியது. கதவு ஆடியது. முத்துக்குமரன் ஷட்டரைப் பாதி இறக்கப் போனார். அம்மையார் அவர் கையைப் பிடித்துத் தடுத்தார்.

“காத்து வரட்டுமாம்ணே. முழுசாத் தொறந்து வைக்கச் சொல்றாங்க.”

பெட்டியில் இன்னும் பத்துப் பேருக்குத்தான் தாங்கும். பாண்டீஸ்வரி அதைக் கண்ணாலேயே சொன்னார். பதினோராவது ஆளிடம் இல்லை என்ற வார்த்தையைச் சொன்ன நிமிஷமே கிளையின் கதை முடிந்துவிடும். அதையும் ஒரு நாட்டின் வங்கிக் கண்காணிப்புத் தலைவி முன்னால் சொல்ல வேண்டியிருக்கும். கூச்சத்தை விட்டுச் சொன்னால், முத்துக்குமரனுக்கு ஓரமாகப் போய் உட்கார்ந்து அழ வேண்டும்போல இருந்தது.

அப்போதுதான் அம்மையார் கைப்பையைத் திறந்தார். சுங்குடிச் சேலை வாங்குவதற்காக மாற்றி வைத்திருந்த ஐநூறு ரூபாய்க் கட்டு ஒன்றை எடுத்தார்.

“அண்ணே, அவங்களும் இங்க பணம் போடணுமாம்.”

“என்னது?”

“இம்புட்டுச் சனம் நம்புற பேங்குல தானும் போடணும்னு ஆசையாம்.”

முத்துக்குமரனுக்குப் புல்லரித்தது. கூடவே விதிமுறையும் ஞாபகம் வந்தது. “வெளிநாட்டுக்காரங்க பேர்ல உடனே கணக்குத் தொறக்க முடியாதேப்பா.”

“என் பேர்ல தொறங்க. ஆதார் கையிலதான் இருக்கு.”

“சரி, ரூமுக்குள்ள வாங்க, முடிச்சுரலாம்.”

அம்மையார் அறைக்குள் வரவில்லை. வரிசையில் நின்றுதான் போடுவாராம். நோட்டுக் கட்டை விசிறிபோலப் பிரித்துத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு வாசலைத் தாண்டி வெளியே போனார். வரிசையின் கடைசி எங்கே என்று தெரியாமல் தவறான பக்கம் நடந்தார். திரும்பி வந்தார். மறுபடியும் போனார். பாவம், ஊர் தெரியாத மனுஷி என்று முத்துக்குமரன் உள்ளிருந்து பரிதாபப்பட்டார்.

வெளியே சத்தம் அடங்கியது.

“என்னக்கா இது, வெள்ளக்காரி கட்டுக்கட்டா வச்சிருக்கா?”

தவ்பீக் பாஸ்புக்கோடு நின்ற ஆளிடம் உரக்கச் சொன்னான். “கொஞ்சம் வழி விடுங்கண்ணே. மேடம் பேங்குல பணம் போட வந்திருக்காங்க.”

“போடவா?”

வரிசை தானாக விலகி வழி விட்டது. அம்மையார் கவுண்டரில் கட்டை வைத்தார். ரசீதைக் கேட்டு வாங்கி, எல்லோருக்கும் தெரியும்படி உயர்த்திப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

ராக்கம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மூளை வேகமாக வேலை செய்தது. “கடல் தாண்டி வந்து போடுறான்னா சும்மாவா போடுவா? வட்டி கிட்டி ஏத்தியிருப்பாங்ஞ. அதைத்தான் இந்த மேனேசரு சொல்லக்கூடாதுன்னு மறைச்சிருக்காரு! ஏ பாண்டிச்செல்வி, எடுத்ததைத் திருப்பிக் குடுடீ!”

அவ்வளவுதான். முக்கால் மணி நேரத்தில் பாண்டீஸ்வரிக்குப் பணம் வாங்கிக் கை வலித்தது. எடுத்தவர்களும் போட்டார்கள், எடுக்க வந்தவர்களும் போட்டார்கள். வடை தின்றுகொண்டிருந்த வாடகை ஆட்களில் இரண்டு பேர் புதுக் கணக்கே தொடங்கினார்கள்.

சத்யப்ரியா மேடம் போனில் குதூகலித்தார். “சார், அந்த மேடம் இப்பத்தான் எனக்கு மெசேஜ் போட்டாங்க. இப்படி ஒரு கிளையை மூடவே கூடாதாம்! பட்டியல்ல உங்க பேரை அடிச்சாச்சு.”

முத்துக்குமரனுக்குக் கண் கலங்கியது. இது உண்மையான ஆனந்தக் கண்ணீர். உலகம் சுற்றிய அதிகாரியின் கண்ணில் மண்ணைத் தூவிய தன் சாமர்த்தியத்தை நினைத்து மீசையையும் ஒருமுறை தடவிக்கொண்டார். அம்மையார் கைகூப்பிவிட்டுக் காரில் ஏறினார். முன் கதவைத் திறந்த தவ்பீக்கை மேனேஜர் ஓரமாக இழுத்தார்.

“தம்பி, உண்மையைச் சொல்லு. அந்தம்மாவுக்கு நம்ம பேங்கு மேல அம்புட்டு நம்பிக்கை எப்படிப்பா வந்துச்சு?”

தவ்பீக் காருக்குள் ஒருமுறை பார்த்துவிட்டுத் தயங்கித் தயங்கிச் சொன்னான்:

“அவங்க ஊர்ல விழுந்துச்சுல்ல பேங்கு, அதுல ஒண்ணுக்கு மேடம்தான் மேனேஜராம்ணே, அன்னைக்கு இப்படிச் சில்லறையா எண்ணவச்சு, நோட்டுக் கட்டைத் தூக்கிக் காட்டித் தன்னைக் காப்பாத்த ஒரு ஆளு இல்லாமப் போச்சேன்னு வருத்தப்பட்டாங்க, இப்ப என் பேர்ல போட்ட பணத்தை மட்டும் நாளைக்குக் காலையில ஷட்டர் தூக்குனதும் மொத ஆளா வந்து எடுத்துறச் சொல்லிட்டாங்க.”