மரியம் பீவி எந்த நாட்டுக்காரி?

"அயல்நாட்டுக்காரியா? யாரு, என் சம்சாரமா?"

தமீம் பாய் போட்ட சத்தத்தில், கைலி விலை கேட்டுக்கொண்டிருந்தவர் கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டார்.

நோட்டீஸ் கொண்டுவந்த கான்ஸ்டபிள் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "எனுக்கு இன்னா தெரியும் பாய்? ரங்கூன்ல பொறந்த மரியம் பீவி எந்த நாட்டுக் குடின்னு வெளக்கம் குடுக்கணுமாம். பதினஞ்சு நாள் டைமு. இங்க ஒரு கையெழுத்துப் போடு."

பாய் கையெழுத்துப் போட்டார். 1951ஆம் வருஷம் பிப்ரவரி மாதம் அது. ஒன்பது வருஷத்துக்கு முன்னால், ரங்கூனில் ஜப்பான்காரன் குண்டு போட்டபோது, கிடைத்த கப்பலில் மனைவியை ஏற்றிக்கொண்டு ராயபுரம் வந்து சேர்ந்தவர் அவர். மரியத்தின் தகப்பனார் ராமநாதபுரத்துக்காரர், அப்போதே மௌத்தாகி அடக்கமாகிவிட்டார். தாயார் பர்மாக்காரி. கப்பல் ஏற வரமாட்டேன் என்று பிடிவாதமாகக் கரையிலேயே நின்றுவிட்டாள். "சண்டை முடிஞ்சதும் முதல் கப்பல்ல உங்க மகளைக் கூட்டிட்டு வர்றேன் மாமி" என்று அந்தக் கரையில் வைத்து வாக்குக் கொடுத்தவரும் தமீம் பாய்தான்.

சண்டை முடிந்தது. பிறகு கடை வைத்தார். கடை நிமிர்ந்தபோது பர்மா தனி நாடாகிவிட்டது. பிறகு அங்கே உள்நாட்டுக் கலகம் என்றார்கள். துறைமுகத்தில் கப்பல் ஊதும்போதெல்லாம் மரியம், "அது ரங்கூன் கப்பலா?" என்பாள். "சரக்குக் கப்பல்" என்பார் பாய், எந்தக் கப்பல் என்று பார்க்காமலே.

அன்றைக்குக் கடையைப் பாதியில் சாத்திவிட்டு வீட்டுக்கு ஓடினார்.

"மரியம், நீ பயப்படாதே. நான் இருக்கேன்."

"எதுக்குப் பயப்படணும்?"

"நீ எந்த நாடுன்னு சர்க்கார் கேக்குது."

மரியம் புருவத்தை உயர்த்தினாள். "என்னையா கேக்குறாங்க?"

"உன்னைத்தான். ஆனா நான் பதில் சொல்லிக்கிறேன். உனக்கு இதெல்லாம் புரியாது."

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பாய் அதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு வக்கீலைத் தேடிப் புறப்பட்டுவிட்டார்.

வக்கீல் தேவப்பிரியம் நாசரேத் பக்கத்திலிருந்து வந்து ராயபுரத்தில் குடியேறியவர். துறைமுகத்தில் மூட்டை திருடினவர்களுக்காக வாதாடியே பேர் வாங்கியவர். நோட்டீசைப் படித்துவிட்டுச் சிரித்தார்.

"இதுக்கா வேர்க்குது உமக்கு? அரசியல் சட்டம் வந்த அன்னைக்கு அஞ்சு வருஷமா இங்கேயே குடியிருந்தா இந்தியக் குடி. உம்ம வீட்டம்மா ஒம்பது வருஷமா இருக்காங்க. ரேஷன் கார்டைக் கொண்டாரும், முடிஞ்சு போச்சு."

ரேஷன் கார்டு வந்தது. அதை அயல்நாட்டார் பதிவு ஆபீஸில் நீட்டினார்கள். அதிகாரி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார்.

"இதிலே மரியம்மாள், வயது அறுபத்திரண்டு என்று இருக்கிறதே?"

"இருபத்தாறுங்க. எழுதினவர் திருப்பிப் போட்டுட்டார். பேருலயும் ஒரு 'மாள்' சேந்துபோச்சு."

"அப்படியானால் இந்த மரியம்மாள் வேறு யாரோ. உங்கள் வீட்டில் அறுபத்திரண்டு வயதில் இன்னொரு அம்மாள் இருக்கிறாரா?"

"இல்லைங்க."

"இல்லாத ஆளுக்கா இத்தனை வருஷம் அரிசி வாங்கினீர்கள்?"

தேவப்பிரியம் பாயின் தோளைப் பிடித்து வெளியே இழுத்து வந்தார். "காகிதம் காலை வாரிட்டு. பரவால்ல. வாய்ச் சாட்சி கொண்டாரும். அக்கம்பக்கத்துல நல்லாப் பேசத் தெரிஞ்ச ஆள் யாரு?"

நல்லாப் பேசத் தெரிந்த ஆள் என்றால் அந்தத் தெருவிலேயே மீன்காரி கெங்கம்மாதான். மரியத்தின் உயிர்த்தோழி. பாய் கேட்டதும் உடனே ஒத்துக்கொண்டாள். "மரியத்துக்காவ எங்கே வேணாலும் வர்றேன் பாய். அங்க வந்து இன்னா சொல்லணும்?"

"உண்மையைச் சொன்னாப் போதும் கெங்கம்மா."

அந்த வார்த்தையை ஏன் சொன்னோம் என்று பாய் பிற்பாடு பலமுறை வருந்தினார்.

அதிகாரி கேட்டார்: "மரியம் பீவியை எத்தனை வருஷமாகத் தெரியும்?"

"ஒம்போது வருசம் சாமி. தங்கமான பொண்ணு."

தேவப்பிரியம் பாயைப் பார்த்துக் கண்ணடித்தார்.

"இனிமேலும் இங்கேயே நிரந்தரமாக இருக்கப் போகிறாரா?"

"அத்தெப்டி சாமி? ஊருக்குப் போவணும், ஆத்தாளைப் பாக்கணும்னுதானே நாளுக்கு நாலு தபா சொல்லிக்கினு கீது. கப்பல் சத்தம் கேட்டா சோறு எறங்காது அதுக்கு."

அதிகாரி அதை ஒரு வார்த்தை விடாமல் எழுதிக்கொண்டார். தேவப்பிரியம் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார்.

வெளியே வந்ததும் பாய் குமுறினார். "இப்படிக் கவுத்துட்டியே கெங்கம்மா!"

"நீதானே பாய் உண்மையைச் சொல்லச் சொன்னே? நான் சொன்னதுல இன்னா பொய் கீது?"

பாய் வக்கீலைத் திரும்பிப் பார்த்தார்.

"குடியிருந்தா மட்டும் போதாது பாய்" என்று விளக்கினார் வக்கீல். "இங்கேயே இருக்கணும்கிற எண்ணமும் இருக்கணும். இப்ப அதுல மண்ணு விழுந்துட்டு. இதைச் சரிக்கட்ட ஒரே வழிதான். பர்மாவுல அவங்களுக்கு நாதியே இல்லைன்னு நீரு சத்தியப் பிரமாணம் எழுதிக் கொடுக்கணும்."

"மாமி இருக்காங்களே."

"இருக்காங்களா?" வக்கீல் பேனாவின் மூடியைத் திறந்தார். "ஒம்பது வருஷமா நீரு பாத்தீரா?"

"பாக்கலை."

"அப்ப இல்லைன்னு வச்சுக்கிடுவோம். எப்ப இறந்தாங்கன்னு ஒரு தேதி சொல்லும்."

தமீம் பாய் கண்ணை மூடிக்கொண்டார். மரியம் இல்லாத வீட்டை ஒருமுறை நினைத்துப் பார்த்தார். அடுப்படி தெரிந்தது, ஆள் தெரியவில்லை. கண்ணைத் திறந்து ஒரு தேதி சொன்னார். முத்திரைத்தாளில் கையெழுத்தும் போட்டார்.

வீட்டுக்கு வந்தவரால் அதை மறைக்க முடியவில்லை. சாப்பிட உட்கார்ந்தவர் சோற்றைப் பிசைந்துகொண்டே சொல்லிவிட்டார். மரியத்தின் கையில் இருந்த கரண்டி அப்படியே நின்றது.

"எங்கம்மாவைக் கொன்னுட்டீங்களா?"

"பேப்பர்லதான் மரியம்! உன்னை இங்கே வச்சுக்கிறதுக்குத்தான்!"

"எந்தத் தேதி?"

"மே மாசம் நாலாந்தேதி. வாயில வந்ததைச் சொன்னேன்."

மரியம் குழம்பை ஊற்றினாள். "இப்பவாவது அவங்க ஞாபகம் வந்துச்சே" என்றாள்.

பாய் அதை மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டு இன்னொரு பிடி சோறு கேட்டார்.

அடுத்த வாரம் அதிகாரி முத்திரைத்தாளை மேஜையின் ஒரு பக்கம் வைத்தார். இன்னொரு பக்கம் ஒரு பழுப்பு நிறக் கவரை வைத்தார். பர்மா தபால்தலை ஒட்டியிருந்தது.

"உங்கள் மாமியார் போன வருஷம் மே மாதம் காலமானார். இல்லையா?"

"ஆமாங்க" என்றார் பாய், ஈனஸ்வரத்தில்.

"போன மாதம் மகளுக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். மொழிபெயர்ப்பு வாங்கியிருக்கிறோம். 'கண் மங்கிக்கொண்டு வருகிறது. முழுதும் மறைவதற்குள் உன் முகத்தைக் காட்டிவிட்டுப் போ' என்று எழுதியிருக்கிறார்."

தேவப்பிரியம் விட்டத்தைப் பார்த்தார். பொய்ப் பிரமாணத்துக்கு வழக்குப் போடாமல் விட்டதே பெரிய தயவு என்று அதிகாரி எச்சரித்து அனுப்பினார்.

வெளியே வந்ததும் பாய் வக்கீலின் கையைப் பிடித்துக்கொண்டார். "என் வீட்டுக் கடுதாசி இந்த ஆபீஸுக்கு எப்படி வந்துச்சு? யாரோ எனக்கு வேண்டாதவன் செய்யறான் சார். மொட்டைக் கடுதாசி போட்டிருக்கான். நோட்டீஸ் வந்ததே அதனாலதான்!"

அன்று சாயங்காலம் எதிர்க்கடைக்காரரிடம் போய்ச் சண்டை பிடித்தார். இருபது வருஷத்துத் தோஸ்து. ரங்கூனிலும் பக்கத்துப் பக்கத்துக் கடையில் நின்றவர்கள். அந்த மனிதர் எழுந்து உள்ளே போய்விட்டார்.

வீட்டில் மரியம் கேட்டாள். "அம்மா கடுதாசியை அவங்க படிச்சுக் காட்டினாங்களா?"

"காட்டினாங்க."

"என்ன எழுதியிருந்துச்சு?"

"ஏதோ கண்ணு மங்குதுன்னு. அதை விடு. உன் பொட்டியில இருந்த கடுதாசியை எடுத்துட்டுப் போனது யாருன்னு சொல்லு."

மரியம் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வாசலுக்குப் போய் நின்றுகொண்டாள். துறைமுகத்தில் ஏதோ ஒரு கப்பல் ஊதிக்கொண்டிருந்தது.

கடைசி உத்தரவு மார்ச் மாதம் வந்தது. வக்கீலுக்குக் கோர்ட்டில் வேறு கேஸ். பாய் தனியாகவே போனார். கையில் கொடுத்த காகிதம் இங்கிலீஷில் இருந்தது. ஆபீஸ் வராந்தாவில் நின்று அதைத் தலைகீழாகவும் பார்த்தார், நேராகவும் பார்த்தார். தோளில் டவாலிப் பட்டை போட்ட பியூன் லட்சுமணன் அவரைக் கவனித்துவிட்டு அருகே வந்தார். பலமுறை வந்து போனதில் முகப் பழக்கம்.

"குடு பாய், நான் சொல்றேன். மரியம் பீவியைப் பர்மாக்காரின்னு எழுதியாச்சு. ஊருக்குப் போறதுக்குப் பேப்பரும் ரெடி. வர்ற பன்னெண்டாந்தேதி கப்பல்."

பாயின் கண்ணில் நீர் முட்டியது. "அந்த மொட்டைக் கடுதாசிக்காரன் ஜெயிச்சுட்டானே."

"மொட்டைக் கடுதாசியா? கையெழுத்தெல்லாம் கீதே. உன் வூட்டுக்காரம்மாதான் பாய் ஊருக்குப் போவணும்னு மனு போட்டது. நோட்டீசு வந்ததே அதனாலதான். அப்பால அவங்க ஆத்தா கடுதாசியையும் அதுதான் கொண்டாந்து குடுத்துச்சு. கூட ஒரு மீன்காரம்மா."

வராந்தாவில் யாரோ மணியடித்தார்கள். லட்சுமணன் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி பாயைப் பார்த்தார். பாயின் உதடு மட்டும் அசைந்தது.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"நானும் அதான் பாய் சொன்னேன், 'மொதல்ல வூட்டுக்காரரைக் கேளும்மா'ன்னு. 'அவரை ஒம்போது வருசமா கேட்டுப் பாத்துட்டேன் ஐயா, அவருக்குக் காதுல வுழல, அதான் சர்க்காரைக் கேக்குறேன்'னு சொல்லுச்சு."