பேட்டரி கார் பந்தயம்

இந்த ஃபிளாட்டை விட்டு நான் வெளியேறுவதென்றால் நாலு பேர் தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும். இப்படி ஓர் அறிவிப்பை ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேஜையில் வெளியிட்டேன். எதிரே என் மனைவி யூனிஸ். செல்போன் திரையில் மெல்போர்னிலிருந்து மகன் ஆரோன். அவன் தலையைக் குனிந்துகொண்டான். யூனிஸ் மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தாள்.

"நம்ம லிஃப்ட்ல நாலு பேர் நிக்கவே இடம் கிடையாது. நீங்க வேற படுத்துட்டு வருவீங்க" என்றாள்.

விஷயம் இதுதான். சேலையூரில் கேம்ப் ரோட்டை ஒட்டி எங்கள் குடியிருப்பு. முன் கேட்டிலிருந்து பின் சுவர் வரை பிளாக் பிளாக்காகப் போகும். கடைசி பிளாக் மட்டும் முதியோர் இல்லம். வாசலில் அப்படிப் போட மாட்டார்கள். 'மாலைநிழல்' என்று பெயர் வைத்து, நீரூற்று ஒன்றையும் வைத்திருக்கிறார்கள். உள்ளே போனவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி சிரிப்பார்கள். வெளியே வருவது பெரும்பாலும் ஆம்புலன்ஸில். எங்கள் இருவரையும் அங்கே சேர்த்துவிட வேண்டும் என்பது ஆரோனின் யோசனை. யூனிஸுக்குச் சம்மதம். எனக்கு இல்லை.

ஜூனில் நான் குளியலறையில் விழுந்ததுதான் ஆரம்பம். சின்ன வழுக்கல். உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தேன், அவ்வளவுதான். யூனிஸுக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டன. கதவை இடித்துத் திறக்கத் தெம்பில்லை. எங்கள் வீட்டு வேலைக்கு வரும் வெண்ணிலா வந்து கதவை உடைக்கும்வரை, வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து என்னோடு பேசிக்கொண்டே இருந்தாள். நான் பதில் சொல்வது நின்றதும் பைபிளிலிருந்து சங்கீதம் சொல்ல ஆரம்பித்தாளாம். அந்தப் பகுதி எனக்கு நினைவில்லை. ஆகவே அதைப் பெரிதுபடுத்தக் கூடாது என்பது என் கட்சி.

"உன் முழங்கால்தான் பிரச்சினை. கேட் வரைக்கும் உன்னால நடக்க முடியலை. ஆட்டோவை வாட்ச்மேன் உள்ள விட மாட்டேங்கிறார். அந்த பேட்டரி கார் ஓடினா போதும். ஆஸ்பத்திரி, சர்ச், எதுக்கும் யார் தயவும் வேண்டாம்" என்றேன்.

பேட்டரி கார் என்பது கோல்ஃப் மைதானத்தில் ஓடுமே, அந்த மாதிரி கூரை போட்ட திறந்த வண்டி. வயசானவர்களுக்காக பில்டர் கொடுத்தது. ஓட்டிக்கொண்டிருந்தவர் வேலையை விட்டதும் எங்கள் பிளாக் பின்னால் நிறுத்தி, தார்ப்பாய் போட்டு மூடிவிட்டார்கள். இரண்டு மழைக்காலம் போயிற்று. பின் சீட்டில் ஒரு பூனை பிரசவமே பார்த்துவிட்டது.

"அதை யார் ஓட வைக்கிறது?"

"நான்."

யூனிஸ் முள்ளைத் தட்டின் ஓரத்தில் வைத்தாள். "பந்தயம் வெச்சுக்கலாமா? வண்டியை நீங்க ரெடி பண்ணுங்க. நான் ஏறிக்கறேன். எங்க போகணும்னு நான் சொல்வேன். வண்டி நம்மளைத் திரும்ப இந்த வாசல்ல கொண்டுவந்து விட்டுடுச்சுன்னா, சாகிற வரைக்கும் இங்கதான். நடுவுல நின்னுடுச்சுன்னா நான் சொல்றதை நீங்க கேக்கணும்."

"பேச்சு மாற மாட்டியே?"

"நான் எப்பங்க மாறினேன்?"

ஆரோன் சாட்சி. முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் கெமிஸ்ட்ரி நடத்தியவள், வாழ்க்கையில் முதல் தடவையாகப் பந்தயம் கட்டுகிறாள். எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. நான் மறைமலை நகரில் ஒரு தொழிற்சாலையில் பர்சேஸ் பிரிவில் இருந்தவன். ஆயிரக்கணக்கில் பேட்டரி வாங்கியிருக்கிறேன். ஒன்றைக்கூடத் திறந்து பார்த்ததில்லை.

மறுநாள் சீட்டைத் தூக்கினேன். பேட்டரிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. முனைகளில் பச்சையும் வெள்ளையுமாகப் பொடி பூத்திருந்தது. சோடா மாவைத் தண்ணீரில் கரைத்து, பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்த்தேன். அது பழையது இல்லை, என்னுடைய புதியது என்று பிறகுதான் தெரிந்தது. மூடியைத் திறந்தால் உள்ளே வறண்டு கிடந்தது. வண்டியின் சார்ஜரைச் சொருகினேன். ஒரு விளக்கும் எரியவில்லை.

கேம்ப் ரோட்டில் பேட்டரி கடை வைத்திருக்கும் ஜெயவேலுவைக் கூட்டி வந்தேன். அவர் எட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"எத்தினி நாளா சும்மா கீது சார்?"

"ரெண்டு வருஷம்."

"நடுவுல ஒருதபாகூட சார்ஜ் போடலியா?"

"இல்லை."

"மாசம் ஒருதபா போட்டுகினு இருந்தா உசுரோட இருந்துருக்கும். பேட்டரில கொஞ்சமாச்சும் ஜீவன் இருந்தாத்தான் இந்த சார்ஜரே வேலை செய்யும். இது பொணம் சார்."

"ஒண்ணும் பண்ண முடியாதா?"

"சின்ன சார்ஜர் தர்றேன். ஒன்னொன்னா மெதுவா ஏத்திப் பாரு. உள்ள தகடு முங்கற அளவுக்கு மட்டும் தண்ணி வுடு. மீதி, சார்ஜ் ஏறினப்பறம். அப்பறம் என்னாண்ட சொல்லு, லோடு வெச்சு, பாரம் தாங்குதான்னு பாத்து சொல்றேன். அதுக்கு முன்னாடி ஓட்டாத. பேஜாராய்டும்."

தகடு மட்டும் மூழ்கினால் போதும் என்பது எனக்குக் கஞ்சத்தனமாகப் பட்டது. இரண்டு வருஷம் தாகத்தில் கிடந்ததற்கு அரை டம்ளரா? கழுத்து வரை ஊற்றினேன். யூனிஸ் பால்கனியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரொம்ப நல்லா ஊத்தறீங்க" என்றாள்.

நாற்பத்தோரு வருஷ தாம்பத்தியத்தில் நான் செய்த எதையும் அவள் நன்றாக இருப்பதாகச் சொன்னதில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. இன்னும் கொஞ்சம் ஊற்றினேன்.

சார்ஜ் ஏற ஏற எல்லாம் பொங்கி வழிந்தது. துடைக்கப் போனேன். சாயங்காலம் என் பேண்ட் இருந்த இடத்தில் ஓட்டைகள் இருந்தன, ஓட்டைகளைச் சுற்றிக் கொஞ்சம் துணி.

இதற்கிடையில் வீட்டில் இன்னொரு கவலை ஆரம்பித்தது.

"யூனிஸ், என் தலையணை எங்கே?"

"வெயில்ல போட்டிருக்கேன்."

"ஷேவிங் கண்ணாடி?"

"அதையுந்தான்."

தலையணை வெயிலிலிருந்து திரும்பவே இல்லை. பிறகு என் பைபிளைக் காணோம். பிறகு சுவரிலிருந்த கல்யாண போட்டோ. கேட்டால் யோசிப்பதுபோல் நின்றாள். இவளுக்கு மறதி நோய் வந்துவிட்டது என்று முடிவு செய்தேன். பயமாக இருந்தது. இந்த நிலையில் இவளை இல்லத்தில் விட்டால் என்ன ஆவாள்? சாமான் எடுத்து வைக்கும் வெண்ணிலாவிடம், யூனிஸ் மேல் ஒரு கண் வைத்துக்கொள்ளச் சொன்னேன். அவள் ஒரு பெரிய துணிப்பையோடு போய்க்கொண்டிருந்தாள். "பாத்துக்கறேன் சார்" என்றாள். நான் கீழே போய் பேட்டரி முனைகளை இன்னும் அழுத்தித் தேய்த்தேன்.

சனிக்கிழமை கடைசி பேட்டரியும் ஏறி முடிந்தது. மீட்டர் முள் பச்சையின் எல்லையில் நின்றது. ஜெயவேலு சொன்ன லோடு எனக்கு நினைவிருந்தது. ஆனால் நானும் யூனிஸும் ஏறினாலே லோடுதானே? அவரைக் கூப்பிடவில்லை.

யூனிஸ் பட்டுப் புடவையில் இறங்கி வந்தாள், கைப்பையோடு.

"எங்கே போகணும்?"

"முதல்ல கேட் வரைக்கும் போங்க."

சத்தமே இல்லாமல் வண்டி வழுக்கிக்கொண்டு போயிற்று. வாட்ச்மேன் எழுந்து நின்றார்.

"அடேயப்பா. இன்னொரு ரவுண்டு போங்களேன்" என்றாள் யூனிஸ்.

போனேன்.

"மரத்தடியெல்லாம் இருட்டா இருக்கு. ஹெட்லைட் போடுங்க." போட்டேன். "ஹார்ன் வேலை செய்யுதா?" அடித்துக் காட்டினேன். "அடிச்சுட்டே வாங்க, எல்லாரும் பாக்கட்டும். என் வீட்டுக்காரர் ரிப்பேர் பண்ணின வண்டி." மூன்று ரவுண்டு. எங்கள் வாசலைத் தாண்டும்போதெல்லாம் நிறுத்தலாமா என்று கேட்டேன். "இது பந்தய ரவுண்டு இல்லீங்க, சும்மா ஆசைக்கு" என்றாள். பால்கனிகளில் ஆட்கள் நின்றார்கள். நான் ஊர்வலத்தில் போகிற ஆளாக நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன்.

"இப்ப பந்தயம். நேரா போய், கடைசியில திரும்பி அந்தச் சரிவுல ஏத்துங்க."

திரும்பிய பிறகுதான் நீரூற்று தெரிந்தது. அதே நேரம் முள் மஞ்சளைக்கூட மதிக்காமல் சிவப்பில் விழுந்தது. மாலைநிழல் வாசல் சரிவில் வண்டி முனகிக்கொண்டு ஏறியது. போர்ட்டிகோ நடுவில் நின்றது. மிதித்தேன். ஹார்னை அழுத்தினேன். அதுவும் செத்திருந்தது.

"வாங்க ஏசுபாதம் சார்." இல்லத்தின் மேனேஜர் திரிபுரசுந்தரி படியிறங்கி வந்தார். "அஞ்சு மணிக்குள்ள வந்துடுவீங்கன்னு மேடம் சொல்லியிருந்தாங்க. ரூம் ரெடி."

அறையில் இரண்டு கட்டில். ஒன்றில் என் தலையணை. மேஜையில் என் பைபிள், ஷேவிங் கண்ணாடி. சுவரில் கல்யாண போட்டோ. அதில்கூட யூனிஸ் நிம்மதியாகத்தான் இருந்தாள்.

"நாளைக்கு மறுபடி சார்ஜ் போட்டா ஓடும்" என்றேன்.

"ஓடாதுங்க. நீங்க கழுத்து வரைக்கும் தண்ணி ஊத்தின அன்னைக்கே தெரியும். பாதி ஆசிட் உங்க பேண்ட்டுக்குப் போயிடுச்சு. மீட்டர் ஃபுல்லுனு காட்டும், இழுத்தா விழுந்துடும். ஒரு வழிக்குத்தான் வரும். கொஞ்சம் மிச்சம் இருந்துடுமோன்னு பயந்துதான் ஹெட்லைட் போடச் சொன்னேன்."

"நீ ஏமாத்திட்டே."

"ஆமா."

குளியலறையைப் பார்த்தேன். கதவில் உள்பக்கம் தாழ்ப்பாள் இல்லை. யூனிஸ் அந்தக் கதவைத் தொட்டுக்கொண்டு நின்றாள்.

"அன்னைக்கு நீங்க பதில் சொல்றதை நிறுத்திட்டீங்க. செத்துட்டீங்கன்னேதான் நினைச்சேன். ஒரு கதவுக்கு இந்தப் பக்கம், ஒண்ணும் பண்ண முடியாம உக்காந்திருந்தேன். இன்னொரு தடவை என்னால முடியாதுங்க."

எனக்கு வெட்கமாக இருந்தது. அவள் பக்கத்தில் போய் நிற்க வேண்டும் போலிருந்தது, நின்றேன். அந்த வீட்டை இனி பார்க்கப் போவதில்லை என்பதும் அப்போதுதான் நெஞ்சில் இறங்கியது.

போன் அடித்தது. ஆரோன்.

"அப்பா வந்துட்டாங்களா? ரொம்ப தகராறு பண்ணினாங்களா? நாலு பேர் தூக்கிட்டு வர வேண்டியதாயிடுச்சா?"

"ஒருத்தரும் தூக்கலைப்பா" என்றாள் யூனிஸ். "அவங்களேதான் ஓட்டிட்டு வந்தாங்க. வழியெல்லாம் ஹார்ன் அடிச்சுக்கிட்டு."