மாத்திரையோடு பதினொரு வருஷத் தொடர்பு

மரியாதைக்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

உங்கள் மகளும் என் மகனும் சேர்ந்து நம்மை உறவாக்கிய நாளிலிருந்து உங்கள் மேல் வைத்த மதிப்பில் கடுகளவும் குறைக்காத சம்பந்தி எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் நலம். 'எல்லோரும்' என்று எழுதும்போது பேனா கொஞ்சம் தயங்கியது, அதன் விவரம் கீழே வருகிறது. அங்கே நீங்கள் நலமா? இதை வழக்கத்துக்காகக் கேட்கவில்லை, உண்மையாகவே பதில் வேண்டும். போனில் கேட்டிருக்கலாம்தான். ஆனால் சொல்ல வேண்டியதைச் சொல்ல வாய் வரவில்லை.

தலையாய விஷயத்தை முதலில் எழுதிவிடுகிறேன். மூன்று வாரத்துக்கு முன்னால் போன் செய்து, "நாம ரெண்டு பேரும் சர்க்கரைக்குச் சாப்பிடறோமே ஒரு வெள்ளை மாத்திரை, அதை இன்னிக்கே நிறுத்துங்க சம்பந்தி, புற்றுநோய் வருமாம்" என்று முக்கால் மணி நேரம் பேசினேன் அல்லவா? நீங்களும் மறுபேச்சுப் பேசாமல் கேட்டுக்கொண்டீர்கள். தயவுசெய்து இந்த வரியோடு கடிதத்தைக் கீழே வைத்துவிட்டு உங்கள் டாக்டரைப் போய்ப் பாருங்கள். நான் சொன்னது தப்பு. மீதியைத் திரும்பி வந்து படித்துக்கொள்ளலாம்.

நடந்தது இதுதான். மாத்திரை டப்பாவுக்குள் எட்டாக மடித்த காகிதம் ஒன்று இருக்கும், பார்த்திருப்பீர்கள். பதினொரு வருஷமாக அதை எடுத்து எடுத்துக் குப்பையில் போட்டவன் நான். அன்றைக்கு மின்சாரம் போய்விட்டது, விசிறிக்கொள்ள ஏதாவது கிடைக்குமா என்று அதைப் பிரித்தேன். பிரிக்கப் பிரிக்க வளர்ந்து சாப்பாட்டு மேஜையையே மூடிவிட்டது. எழுத்தோ எறும்பு ஊர்ந்த மாதிரி. பூதக்கண்ணாடி வைத்துப் படித்துக்கொண்டே போனால் நடுவில் ஒரு வரி: நீண்ட காலம் இந்த மாத்திரையைச் சாப்பிட்டவர்களுக்குச் சிறுநீர்ப்பைப் புற்றுநோயோடு தொடர்பு இருக்கக்கூடுமாம். அதற்குக் கீழே எலிகள். ஆண் எலிகளுக்குக் கட்டி வந்ததாம், பெண் எலிகளுக்கு வரவில்லையாம். எனக்குப் பயத்தைவிட ஆர்வம்தான் முதலில் வந்தது, அதை ஒப்புக்கொள்கிறேன். அந்த எலிகளுக்குச் சர்க்கரை இருந்ததா? சாப்பாட்டுக்கு முன்னால் கொடுத்தார்களா, பின்னால் கொடுத்தார்களா? எலிக்கு எத்தனை வருஷம் ஆனால் 'நீண்ட காலம்'? பஸ் டிப்போவில் முப்பத்திரண்டு வருஷம் விபத்துப் பிரிவில் குப்பை கொட்டியவன் சம்பந்தி நான். 'காரணம்' என்று ஒரு கட்டம் இருந்தால் அதை நிரப்பாமல் எனக்குச் சாப்பாடு இறங்காது.

உடனே ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். எடுத்த பெண்ணிடம், "பதினொரு வருஷத் தொடர்புங்க. இப்பத்தான் விஷயமே தெரிய வந்துது. வீட்ல இன்னும் சொல்லலை. ஒரேயடியா விட்டுடலாமா, இல்லை கொஞ்சம் கொஞ்சமா விடணுமா?" என்று கேட்டேன். அந்தப் பெண், டாக்டர் ஊரில் இல்லை, பதினைந்து நாள் கழித்து வாருங்கள் என்று சொல்லி வைத்துவிட்டாள். திரும்பிப் பார்த்தால் ஈரத்துணி வாளியோடு உங்கள் மகள், என் மருமகள், வாசற்படியில் நிற்கிறாள். வாளியை அப்படியே வைத்துவிட்டு உள்ளே போனாள். அன்று மத்தியானம் என் தட்டு மேஜையில் வந்து விழுந்த சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும். சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் என் வீட்டுக்காரி வந்து நிற்கிறாள்.

"யாரு அவ?"

"அவ இல்லை, அது."

"அதுன்னு வேற சொல்றீங்களா? பதினொரு வருஷம் பழகிட்டு அதுவா?"

காகிதத்தை மேஜையில் விரித்து, பூதக்கண்ணாடியைக் கையில் கொடுத்து, அந்த வரியைக் காட்டினேன். படித்து முடித்தவள் முகத்தில் நிம்மதி வந்தது, கூடவே கொஞ்சம் ஏமாற்றமும். "அதானே பாத்தேன், உங்களை யாரு சீந்தப் போறா" என்றாள். எலி விவரத்தையும் படித்துவிட்டு, "பொம்பளை எலி சொன்ன பேச்சைக் கேட்டிருக்கும், அதான் வரலை" என்று தன் பங்குக்கு ஒரு காரணத்தையும் சொன்னாள். டாக்டரைக் கேட்காமல் எதையும் நிறுத்தக் கூடாது என்று என்னிடம் வாக்கும் வாங்கிக்கொண்டாள். உங்கள் மகள் இந்தப் பாதிக் கதையை மட்டும் உங்களிடம் சொல்லியிருந்தால், மீதிப் பாதி இதுதான் என்று தெரிந்துகொள்ளுங்கள், என் மானம் உங்கள் கையில் இருக்கிறது.

வாக்குக் கொடுத்தேனே தவிர, காப்பாற்றவில்லை. மாத்திரையை வாயில் போடுவதுபோல் போட்டு, தண்ணீர் குடித்து, சட்டைப் பைக்குள் தள்ளிவிடுவேன். உங்களுக்குப் போன் செய்ததும் அந்த ஜோரில்தான், ஏதோ உங்கள் உயிரையே காப்பாற்றிவிட்டதாக நினைப்பு. பத்து நாள் கழித்து நாக்கு வறண்டது. ஒரு நாளைக்குப் பதினைந்து தடவை பாத்ரூமுக்கு நடை. முடி வெட்டப் போன இடத்தில் நாற்காலியிலேயே தூங்கிப்போய், கடைக்காரர் மூன்று பேருக்கு வெட்டி முடித்த பிறகுதான் எழுப்பினார். வெயில் காலம், அதனால் இருக்கும் என்று காரணக் கட்டத்தை நானே நிரப்பிக்கொண்டேன். பத்தொன்பதாம் நாள் என் வீட்டுக்காரி துவைக்கிற மிஷினிலிருந்து என் சட்டையை எடுத்து உதறினாள். பைக்குள் வெள்ளையாகக் கூழ். முகர்ந்து பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "சட்டைக்குச் சர்க்கரை குறைஞ்சிருக்கும்" என்று மட்டும் சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் போய் நின்றாள். நானும் பின்னாலேயே ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

வெறும் வயிற்றில் இருநூற்று எழுபத்தாறு, சம்பந்தி. டாக்டரம்மா ரத்தப் பரிசோதனைக் காகிதத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "யார் சொல்லி நிறுத்தினீங்க?" என்றார். எலிகள் என்று எப்படிச் சொல்வது? நான் எலியில் தொடங்கிக் கேள்வியாகக் கேட்க, அவரும் சலிக்காமல் பதில் சொன்னார்.

"சம்பந்தம் இருக்கலாம்னு சில ஆய்வு சொல்லுது சார். சிலது அப்படி ஒண்ணும் தெரியலைங்குது. சம்பந்தம் இருந்தாலே அதுதான் காரணம்னு ஆயிடாது. சர்க்கரை, வயசு, எடை, புகை, எல்லாம் ஒரே ஆள்கிட்ட இருக்கும். எதோட வேலைன்னு பிரிக்கறது கஷ்டம்."

"அப்ப மாத்திரை நிரபராதியா?"

"அதுவும் சொல்ல முடியாது. அதனாலதான் கவனமா இருக்கோம். சிறுநீர்ல ரத்தம் தெரிஞ்சா ஒரு நாள் கூடத் தள்ளாம வரணும். பயமா இருக்கா, வேற மாத்திரைக்கு மாத்திக்கலாம். நீங்களா நிறுத்தறது மட்டும் வேண்டாம். வரலாமோ என்னமோன்னு ஒண்ணுக்குப் பயந்து, கண்ணு, கிட்னி, காலு எல்லாத்தையும் இப்பவே பணயம் வெக்கறீங்க."

சம்பந்தம் வேறு, காரணம் வேறு என்றதும் எனக்கு உங்கள் முகம்தான் ஞாபகம் வந்தது. நீங்கள் எங்கள் வீட்டுக்கு வந்த ஏழு முறையும் மறுநாள் எனக்குச் சர்க்கரை ஏறியிருக்கிறது, குறித்தே வைத்திருக்கிறேன். சம்பந்தி என்பதால் சம்பந்தம் இருக்கத்தான் செய்யும், ஆனால் காரணம் நீங்களா? உங்களுக்கென்று வாங்கிய இனிப்பைச் சமையலறையில் நின்று தின்றவன் நான். அதோடு டிப்போவில் நடந்த ஒன்றும் நினைவுக்கு வந்து மனசைப் பிசைந்தது. மூன்று விபத்திலும் ஒரே நடத்துநர். 'காரணம்: நடத்துநர்' என்று எழுதி அவரை வேறு டிப்போவுக்கு அனுப்பிவைத்தேன். அவருக்கு எப்போதும் கொடுத்தது பிரேக் தேய்ந்த அதே பழைய வண்டி என்பது அவர் போன பிறகு அந்த வண்டியே நாலாவது விபத்தில் மாட்டியபோதுதான் தெரிந்தது. ஆனால் அந்த மனுஷரும் லேசுப்பட்டவர் இல்லை, பெல் அடிக்க மறந்துவிடுவார். அதற்கும் ஒரு பங்கு இருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

எனக்குச் சிறுநீர்ப் பரிசோதனை செய்தார்கள், ஒன்றும் இல்லை. அதே மாத்திரையை மறுபடி தொடங்கியாயிற்று, அடுத்த மாதம் பார்த்துவிட்டு மாற்றுவதா என்று முடிவு செய்வார்களாம். டாக்டரம்மா 'காலு' என்ற வார்த்தையைச் சொன்னபோது எனக்கு உங்கள் கால்தான் கண் முன்னால் வந்தது சம்பந்தி. போன வருஷம் உங்கள் கால்விரல் புண் ஆற நாலு மாதம் ஆனதே, அந்தக் காலோடு நீங்கள் மூன்று வாரமாக மாத்திரை இல்லாமல் இருக்கிறீர்கள், என் வாயால். இரண்டு நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை. என்னைத் திட்டுங்கள், பேசாமல்கூட இருங்கள், ஆனால் இன்றைக்கே டாக்டரைப் பாருங்கள்.

சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கம். உங்கள் மகளைப் பற்றிக் கவலை வேண்டாம், இந்த வீட்டின் ஒழுக்கம் அவள் காவலில் பத்திரமாக இருக்கிறது. நீங்கள் இருவரும் கண்ணும் காலும் நன்றாக இருந்து, நூறு வயதுவரை எங்கள் வீட்டுக்கு வந்து போக வேண்டும் என்று மனதார வேண்டும்,

உங்கள் சம்பந்தி.

பி.கு.: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் சம்பந்தியம்மா உங்கள் மகளுக்குப் போன் செய்தார். பிடுங்கி வாங்கி, "சம்பந்தி மாத்திரையை எப்ப நிறுத்தினாரும்மா?" என்று கேட்டேன். "அவர் எங்க நிறுத்தினார்? நீங்க போன் பண்ணினா மேஜை மேல வெச்சுட்டுச் செடிக்குத் தண்ணி ஊத்தப் போயிடுவார். அப்பப்ப 'ம்' போடறது நான்தான். அவரை எதுக்கு வீணாப் பயமுறுத்தணும்னு நானும் சொல்லலை" என்றார். நாம் சம்பந்தியான இந்த ஆறு வருஷமும் இப்படித்தானாம். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டேன், அப்புறம் இரண்டு நாள் சோற்றையும் ஒரே வேளையில் சாப்பிட்டேன். எழுதிவிட்டதால் கடிதத்தை அனுப்புகிறேன். இதையாவது நீங்களே படியுங்கள்.