சாப்பாட்டு மேசையில் பேசக் கூடாத விஷயம்

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கே நாங்கள் எல்லோரும் உடம்பளவில் சௌக்கியம். அங்கே தாங்களும் சம்பந்தியம்மாவும் உடம்போடு மனமும் சேர்ந்தே சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கும்வரையாவது அப்படியே இருக்க வேண்டுகிறேன். எங்கள் அடுக்ககத்தில் லிஃப்ட் பழுதாகி, அதோடு போட்டி போட்டுக்கொண்டு என் முழங்காலும் பழுதாகி, ஆறாவது மாடி ஏற வழியில்லாமல் நானும் என் வீட்டுக்காரியும் மகள் வீட்டில் வந்து தங்கியிருப்பது தங்களுக்குத் தெரியும். வேலையில் இருந்த காலமெல்லாம் ஊரார் லிஃப்டுகளைச் சோதித்து நற்சான்று கொடுத்தவனைச் சொந்த லிஃப்ட் கைவிட்டதே என்று தாங்கள் போனில் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. பரவாயில்லை. ஆனால் இப்போது எழுதப்போவது சிரிக்கிற விஷயம் இல்லை.

தங்கள் மகனும் என் மகளும் பேசிக்கொள்வதில்லை, சம்பந்தி.

வந்த அன்றே கவனித்துவிட்டேன். சாப்பாட்டு மேசையில் எதிரெதிரே உட்காருகிறார்கள். “தண்ணி.” “இந்தா.” இவ்வளவுதான் உரையாடல். என் மகள் ஏதோ ஞாபகம் வந்தவளாக, “அந்தக் கதவு விஷயம்...” என்று ஆரம்பித்தால், மாப்பிள்ளை கரண்டி பிடித்த கையாலேயே தடுத்து, “இங்க வேணாம்” என்கிறார். அவளும் பெட்டிப் பாம்பாக அடங்கிவிடுகிறாள். யார்? என் மகள்! ஒரு சொல் சொன்னால் ஒன்பது சொல் திருப்பிக் கொடுக்கிறவள்! சாப்பிட்டு முடித்ததும் அவர் முன்னறைக்குப் போகிறார், இவள் பின்னறைக்குப் போகிறாள், இரண்டு கதவும் சாத்திக்கொள்கின்றன. கொஞ்ச நேரத்தில் முன்னறையிலிருந்து டக டக டக என்று தட்டச்சுச் சத்தம். அது நின்றதும் பின்னறையிலிருந்து டக டக டக. நடுக்கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாறி மாறித் திரும்பியதில் என் கழுத்தும் முழங்காலோடு கூட்டுச் சேர்ந்துவிட்டது. என் வீட்டுக்காரி மட்டும் கவலையே இல்லாமல் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். “நீங்க சும்மா இருங்க. அவ டம்ளரை அவர்தான் கழுவி வெக்கிறார். சண்டை போட்ட மனுஷன் டம்ளர் கழுவுவாரா?” என்றாள். கழுவுவார், சம்பந்தி. கோபத்தில் கழுவும்போதுதான் பாத்திரம் பளிச்சென்று வரும். அந்த அனுபவம் எனக்கு உண்டு.

இவர்கள் சம்பளத்துக்குப் பார்க்கும் வேலை வேறு. வீட்டுக்கு வந்த பிறகு சம்பளமில்லாமல் பார்க்கும் வேலை வேறு என்பது தங்களுக்கும் தெரிந்ததுதான். அதை நான் புரிந்துகொண்ட அளவில் சொல்கிறேன். கம்ப்யூட்டருக்கு ஒரு மென்பொருள் வேண்டும் என்று கேட்டால், அதையும் அதற்கு வேண்டிய துணைச் சாமான்களையும் தேடிக் கொண்டுவந்து பொருத்தி, வேண்டாம் என்றால் சுவடே இல்லாமல் கழற்றிக்கொண்டு போகிற ஒரு மென்பொருள் இருக்கிறது. பேக்கேஜ் மேனேஜர் என்கிறார்கள். அது கட்டற்ற மென்பொருள். யாரும் எடுத்துக்கொள்ளலாம், பிரித்துப் பார்க்கலாம், திருத்தமும் அனுப்பலாம். ஆனால் சாவி வைத்திருப்பவர்கள் பார்த்துச் சரி என்று சொன்னால்தான் திருத்தம் உள்ளே போகும். அந்தச் சாவி மொத்த உலகத்திலும் ஏழெட்டுப் பேரிடம்தான் இருக்கிறதாம். அதில் இரண்டு இந்த வீட்டில். என் மகள் முதன்முதலில் அனுப்பிய திருத்தத்தை “காரணம் போதாது” என்று திருப்பி அனுப்பியவரே தங்கள் மகன்தான். அங்கே தொடங்கிய வாக்குவாதம்தான் கல்யாணத்தில் போய் முடிந்தது. அப்படி வாதாடியே சேர்ந்தவர்கள் இப்போது வாயை மூடிக்கொண்டால் பெற்றவனுக்கு எப்படி இருக்கும்?

என்ன கதவு, என்ன விஷயம் என்று மாப்பிள்ளையிடமே நேராகக் கேட்டேன். மரியாதையான பிள்ளை, பதில் சொன்னார். “மாமா, யாரு எழுதினதுன்னே தெரியாத ஒரு புரோகிராம நம்ம கம்ப்யூட்டர்ல ஓட்டிப் பாக்கணும்னு வெச்சுக்கோங்க. எங்க பேக்கேஜ் மேனேஜர் அத ஒரு தனி ரூம்ல விட்டுக் கதவச் சாத்திடும். அதுதான் கண்டெய்னர். நாம எடுத்துக் குடுக்கிறதத் தவிர வீட்டுல வேற எதையும் அதால பாக்க முடியாது. நான் கதவு முழுசா மூடியிருக்கணும்னு சொல்றேன். அவ, நாம உக்காந்து வேலை செய்யிற ஃபோல்டரையாவது அதுக்குக் காட்டணும்னு சொல்றா.” பிறகு மகளிடம் கேட்டேன். “ஒரு டீச்சர் முதல் தடவையா அதுக்குள்ள போய்ப் பாத்துட்டு, கேள்வித்தாள் எல்லாம் அழிஞ்சு போச்சுன்னு அழுதுட்டாங்கப்பா. எதுவும் அழியல, உள்ளேருந்து பாத்தா தெரியாது, அவ்வளவுதான். அவங்களுக்கு யார் சொல்றது?” என்றாள். இதை நீங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து பேசினாலென்ன என்றேன். “பேசக் கூடாதுப்பா” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். கூடாது என்று சொன்னது யாராக இருக்கும்? குற்றம் சொல்வதாக நினைக்க வேண்டாம். மேசையில் கரண்டியைத் தூக்கியவர் தங்கள் மகன்தான். வாய்க்குப் பூட்டுப் போட்ட மனிதர். என் மகளோ தங்கம். பெற்ற தகப்பனை இதுவரை ஒரு வார்த்தை குறைத்துப் பேசியதில்லை.

சரி, நாமே ஒரு வழி செய்வோம் என்று கூடத்து மூலையில் பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டிருந்த இன்டர்நெட் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினேன். தட்டச்சு நின்றால் வாய் திறந்துதானே ஆக வேண்டும்? இரண்டு கதவும் திறந்தன. இரண்டு பேரும் வந்தார்கள். பெட்டியைப் பார்த்தார்கள், சுவரைப் பார்த்தார்கள், கடைசியில் பிளக்கும் கையுமாக நின்ற என்னைப் பார்த்தார்கள். ஒருவர் புருவத்தைத் தூக்கினார், மற்றவர் தலையை ஆட்டினார், பிளக் என் கையிலிருந்து வாங்கப்பட்டுச் சுவரில் செருகப்பட்டது. இத்தனைக்கும் நடுவில் ஒரு வார்த்தை இல்லை. மாப்பிள்ளை மத்தியானத்திலிருந்து எங்கோ தூரதேசத்துக்கு ஏற்றிக்கொண்டிருந்த ஏதோ ஒன்று பாதியில் அறுந்து, மறுபடி முதலிலிருந்து ஏற்ற வேண்டியதாயிற்று என்று பிற்பாடுதான் தெரிந்தது. “பரவால்ல மாமா” என்றார். திட்டியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

மறுநாள் கூடத்துக் கம்ப்யூட்டரில் செய்தி படிக்கலாம் என்று உட்கார்ந்தேன். திரையில் இவர்களுடைய விவாதப் பக்கம் திறந்து கிடந்தது. ரகசியம் ஒன்றுமில்லை, ஊருலகமே படிக்கிற பக்கம்தான். படித்தேன். “இந்த மாற்றத்தை என்னால் ஏற்க முடியாது” என்று பின்னறை எழுதியிருக்கிறது. “மேலே சொன்னதையே திரும்பச் சொல்கிறீர்கள்” என்று முன்னறை எழுதியிருக்கிறது. பல்லி என்று பெயர் வைத்துக்கொண்ட ஒரு ஆசாமி, “எனக்கும் அவர் மனைவி சொல்வதுதான் சரி என்று படுகிறது” என்று நடுவே வந்து தீர்ப்புச் சொல்கிறான். பல்லி சொல்லி என் குடும்ப நியாயம் தீர வேண்டுமா? பெற்றவன் குத்துக்கல்லாக உட்கார்ந்திருக்கிறேனே! உடனே ஒரு கணக்குத் திறந்து நானும் எழுதினேன். “அன்புடையீர், பின்னறையில் இருப்பவளின் தகப்பன் எழுதிக்கொள்வது. கதவு சாத்தாத லிஃப்ட் நகரக் கூடாது. அந்த வகையில் மாப்பிள்ளை சொல்வது நியாயம். ஆனால் உள்ளே விளக்கும் மணியும் இல்லாத லிஃப்டுக்கு நான் ஒருநாளும் கையெழுத்துப் போட்டதில்லை. அந்த வகையில் என் மகள் சொல்வது நியாயம். இது கிடக்கட்டும். இருவரும் வீட்டில் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. இதற்குத் தங்களில் யாருக்காவது வழி தெரிந்தால் சொல்லி உதவவும்” என்று எழுதிப் பொத்தானை அழுத்திவிட்டேன்.

கண் மூடித் திறப்பதற்குள் பதில்கள் வந்து விழுந்தன. முதலில் ஏதோ ஒரு தானியங்கி வந்து என் கடிதத்தின் தலையில் “மேலும் விவரம் தேவை” என்று சீட்டு ஒட்டிவிட்டுப் போயிற்று. அடுத்து பல்லி, மென்பொருள் பழுதை விசாரிக்கிற பழக்க தோஷத்தில், “எந்தப் பதிப்பிலிருந்து இந்தச் சிக்கல் வருகிறது? மறுபடி நிகழ்த்திக் காட்ட முடியுமா?” என்று கேட்டான். என் வீட்டுக்காரிக்குப் படித்துக் காட்டினேன். “கல்யாணம் ஆன பதிப்புலேருந்துன்னு எழுதுங்க” என்றாள். நான் அப்படி எழுதவில்லை. “சாப்பாட்டு வேளையில் வாருங்கள், தினமும் நிகழ்கிறது” என்று பொறுப்பாகவே பதில் போட்டேன். அதற்கு யாரோ சிலர் கட்டைவிரல் படம் போட்டார்கள். யாரோ ஒரு அம்மணி எனக்கு நல்ல முழங்கால் தைலம் சொல்லிக்கொடுத்தாள். நான் முழங்காலைப் பற்றி எப்போது எழுதினேன் என்று எனக்கே ஞாபகமில்லை.

இதற்குள் பின்னறைக் கதவு படாரென்று திறந்தது. “அப்பா! அங்க எழுதினது ஆயிரம் பேருக்கு மெயிலாப் போயிருக்குப்பா!” என்று தலையில் கை வைத்தபடி என் மகள் வந்தாள். பின்னாலேயே மாப்பிள்ளை, காதெல்லாம் சிவந்து. இரண்டு பேரையும் உட்கார வைத்து, விஷயத்தைச் சொல்லாமல் எழுந்திருக்கக் கூடாது என்றேன். அப்போதுதான் உண்மை வந்தது. ஆந்தை என்ற பெயரில் இன்னொரு சாவிக்காரி இருக்கிறாள். அவள் மூன்று வாரத்துக்கு முன்னால் வருத்தப்பட்டு எழுதியிருக்கிறாள். என்னவென்று என் மகள் சொன்னாள். “நாங்க ரெண்டு பேரும் சாப்பிடும்போதே எல்லாத்தையும் பேசி முடிச்சிடறோம்பா. மத்தவங்க தூங்கி எழுந்து வந்து பாத்தா முடிவே ஆகியிருக்கு. அவங்களும் உழைக்கிறவங்கதானே? அப்புறம் நாங்க எதுக்கு இருக்கோம்னு ஆந்தை கேட்டாப்பா. நியாயம்தானே? அதான் வீட்டுல இதப்பத்தி வாயே திறக்கறதில்ல, எல்லாத்தையும் எல்லாரும் பாக்கற மாதிரி அங்கயே எழுதறதுன்னு முடிவு பண்ணிட்டோம்.”

நல்ல கொள்கை. பாராட்டினேன். “சரி, அத விடுங்க. வேற ஏதாவது பேசுங்களேன்” என்றேன். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். யோசித்தார்கள். மனப்பூர்வமாகவே யோசித்தார்கள், சம்பந்தி. “மழை வரும்போல இருக்கு” என்றார் மாப்பிள்ளை. “ஆமா” என்றாள் மகள். அதோடு சரக்கு தீர்ந்துவிட்டது. பிறகு அவள் என்னைத் திரும்பிப் பார்த்து, “வேற என்னப்பா இருக்கு?” என்று கேட்டாள். சண்டை என்றால் சமாதானம் செய்துவிடலாம். பேச ஒன்றுமே இல்லை என்கிறவர்களை என்ன செய்வது? இருக்கிற ஒரே பேச்சையும் ஊருக்குக் கொடுத்துவிட்டு இரண்டு பேரும் வெறும் வாயோடு உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஆகையால் இந்தக் கடிதம் கண்டதும் தாங்கள் உடனே கிளம்பி வர வேண்டும். தாங்கள் ஒரு இடத்தில் வாயைத் திறந்தால் அங்கே யாரும் சும்மா இருக்க முடியாது என்பது நான் நேரில் கண்டது. அரசியல் பேசுங்கள், என்னோடு சண்டை போடுங்கள், எதுவானாலும் சரி. முக்கியமாகத் தங்கள் மகனைக் கூப்பிட்டு, கட்டியவளிடம் நாலு வார்த்தை பேசுவது ஒன்றும் சட்டவிரோதம் இல்லை என்று அடித்துச் சொல்ல வேண்டும். கூடத்தை ஒட்டிய சின்ன அறையைத் தங்களுக்காக ஒழித்து வைக்கச் சொல்கிறேன். நாங்கள் கூடத்தில் படுத்துக்கொள்கிறோம்.

சம்பந்தியம்மாவுக்கு எங்கள் இருவரின் வணக்கங்கள். தங்கள் வீட்டில் என்றும் பேச்சும் சிரிப்பும் குறையாமல் இருக்க மனதார வேண்டும்,

தங்கள் அன்புள்ள சம்பந்தி.

பின்குறிப்பு: உறையை ஒட்டிவிட்டுத் தபாலில் சேர்க்கச் செருப்பை மாட்டும்போது ஒரு சங்கதி நடந்துவிட்டது, அதனால் உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். ஆந்தை பதில் போட்டிருக்கிறாள். “முடிவை எங்கள் முன்னால் எடுங்கள் என்றுதான் கேட்டேன். வீட்டில் வாயைக் கட்டிக்கொள்ளச் சொல்லவில்லை. தாராளமாகப் பேசுங்கள், பேசியதை இங்கே வந்து சொல்லுங்கள், நாங்களும் எங்கள் பங்குக்குச் சண்டை போடுகிறோம். அந்தப் பெரியவரிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லவும்.” இரண்டு கதவும் ஒரே நேரத்தில் திறந்தன. கண்டெய்னர் கதவு மூடியே இருக்கட்டும், ஆனால் உள்ளே போகிறவருக்கு எது ஏன் தெரியவில்லை, தெரிய வேண்டுமானால் என்ன செய்ய வேண்டும் என்று நாலு வரி காட்டலாம் என்று அங்கே எழுதிப் பார்ப்பதாகப் பேசி முடித்தார்கள். அதற்கு ஒரு டம்ளர் காபி நேரம்கூட ஆகவில்லை. ஆனால் பேச்சு நிற்கவில்லை. எங்கள் மேல் தாவிவிட்டது.

“லிஃப்ட் சரியானாலும் அவங்க இங்கயே இருக்கட்டுமே” என்கிறார் தங்கள் மகன். “ஐயோ, எங்கப்பாவ உனக்குத் தெரியாது! பிளக்கப் பிடுங்குவார், மெயில் போடுவார், ஒரு மாசத்துல உன்னப் பைத்தியமாக்கிடுவார்” என்கிறாள் நான் பெற்ற தங்கம். “ஆக்கட்டும். நாம நல்லா இருக்கணும்னு ஒரு மனுஷன் ஆயிரம் பேருக்கு லெட்டர் போட்டிருக்கார். எங்கப்பா எனக்கு ஒரு கார்டு போட்டதில்ல” என்கிறார் அவர். இதைத் தங்கள் கவனத்துக்காக மட்டும் எழுதுகிறேன். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். “போதுமா? பேசறாங்க” என்றாள் என் வீட்டுக்காரி. “என்னத்தான்டி திட்டறா” என்றேன். “திட்டட்டும். பேசறாளா இல்லையா?” என்றாள். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது, சம்பந்தி. சந்தோஷத்தில்தான்.

கடைசியில் தங்கள் மகன் கட்சிதான் ஜெயித்தது. எனவே தாங்கள் வர வேண்டாம். அந்தச் சின்ன அறை இனி எங்களுடையது. மேலே கடிதத்தில் தங்கள் மகனைப் பற்றி எழுதியதையெல்லாம் என் மகளைப் பற்றி என்றும், என் மகளைப் பற்றி எழுதியதையெல்லாம் தங்கள் மகனைப் பற்றி என்றும் தயவுசெய்து மாற்றிப் படித்துக்கொள்ளவும். திருத்தி எழுத நேரமில்லை. உள்ளே மறுபடி என் பேர் அடிபடுகிறது, போய்க் கேட்க வேண்டும்.